தண்டில் சுற்றிய நூல்

வைகாசிப் பட்டத்துக்கு வெங்காயம் நட நிலத்தைப் பொலபொலவென்று ஆக்க வேண்டிய வாரத்தில் சித்தியின் டில்லர் படுத்துவிட்டது. பத்துத் தரம் கயிற்றை இழுத்தால் ஒரு தரம் இன்ஜின் பிடிக்கிறது. பிடித்தாலும் கத்தி சுற்றவில்லை. உள்ளே கடகடவென்று ஒரு சத்தம் மட்டும்.

“சாமி, நீ ஒருக்கா வந்து பாரு. இதைக் கட்டி மேய்க்க என்னால ஆகலை” என்றார் போனில். மாட்டைப் பற்றிச் சொல்வது போலவே இருந்தது.

பொங்கலூருக்கும் கொடுவாய்க்கும் நடுவில் மூன்று ஏக்கர் தோட்டம். சித்தப்பா போன பிறகு தனி ஆளாகப் பார்க்கிறார். விடிவதற்குள் பனியன் கம்பெனி வேன்கள் ஊர் ஊராக வந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு திருப்பூருக்குப் போய்விடுகின்றன. களை வெட்ட ஆள் தேடி அலுத்துத்தான் இந்த 7 குதிரைத்திறன் பெட்ரோல் வண்டியை வாங்கினார். 2014-15ல் மத்திய அரசு தொடங்கிய வேளாண் இயந்திரமயத் திட்டத்தில் சிறு, குறு விவசாயிகளுக்கும் பெண்களுக்கும் பட்டியல் இன, பழங்குடி விவசாயிகளுக்கும் 50 சதவீதம் வரை மானியம், மற்றவர்களுக்கு 40. மானியம் வந்தது, வண்டியும் வந்தது. அதை எப்படி வைத்துப் பிழைக்க வேண்டும் என்று சொல்லித்தரத்தான் யாரும் வரவில்லை.

விற்ற கடைக்குப் போனேன். மெக்கானிக் நின்றுவிட்டார் என்றார்கள். அடுத்த முறை போனபோது, அந்த மாடலே இப்போது வருவதில்லை என்றார்கள். வேறு ஒரு பெயரில் மானியத்துக்கு எழுதிப்போட்டு புதிதாகவே வாங்கிவிடலாமே என்று யோசனையும் சொன்னார்கள். மூன்று வருடம்கூட முழுதாக ஓடாத வண்டி அது.

சொட்டுநீர்க் குழாய் போடும் நண்பர் ஒருவர்தான், “சீல்காரரைப் பார்த்தீங்களா?” என்று கேட்டார். சுற்றுவட்டாரத்தில் அவரை அப்படித்தான் சொல்கிறார்கள். பெயரை எழுத வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டதால் நானும் அப்படியே எழுதுகிறேன்.

வேப்ப மரத்தடியில் நான்கு தகரம் போட்ட கொட்டகை. வெளியே வரிசையாகப் பதினோரு டில்லர்கள். ஒவ்வொன்றின் பெட்ரோல் டேங்கிலும் சாக்பீஸில் ஊர்ப்பெயர். ஒன்று டி.வி.எஸ். எக்ஸ்எல்லின் முன்பக்கம் படுக்கவைத்துக் கட்டியபடி வந்து இறங்கியது. அதைப் பார்த்ததும் அவர் ஓடிப்போய்த் தூக்கி நிறுத்தினார். வண்டியைச் சாய்ப்பதானால் கைப்பிடிப் பக்கமாகத்தான் சாய்க்க வேண்டுமாம். முன்னால் கவிழ்த்தாலோ பக்கவாட்டில் போட்டாலோ இன்ஜின் ஆயில் சிலிண்டருக்குள்ளும் ஏர் பில்டருக்குள்ளும் ஏறிவிடும். பிறகு எத்தனை இழுத்தாலும் கயிறு வராது. “பாதி வண்டி வர்ற வழியிலதானுங்க கெடுது” என்றார்.

சித்தியின் வண்டியை அவர் ஸ்டார்ட் செய்து பார்க்கவே இல்லை. கீழே குந்தி உட்கார்ந்து, கத்தி மாட்டிய தண்டைக் கையால் முன்னும் பின்னும் ஆட்டினார். கியர் பெட்டியின் ஓரத்தில் விரலை வைத்துத் தடவி மோந்து பார்த்தார். என்னிடமும் நீட்டினார். அழுகிய முட்டையும் கருகிய ரப்பரும் கலந்த மாதிரி ஒரு வாடை. கியர் ஆயிலில் கந்தகம் சேர்ந்த சரக்கு இருக்கும். சூடேறிக் கருகினால் இந்த வாடை வரும். ஓரத்தில் செம்மண் ஈரமாக அப்பியிருந்தது. மழை பெய்யாத வாரத்தில் மண் ஈரமாக இருந்தால் அது தண்ணீர் இல்லை, ஆயில்.

பிறகு அந்த ஆயுதத்தை எடுத்தார். அன்று முழுவதும் என் கண் அதை விட்டு நகரவில்லை. உடைந்த ஆக்ஸா பிளேடு. ஒரு சாண் நீளம். நுனியைக் கிரைண்டரில் தேய்த்துக் கிளி மூக்கு மாதிரி வளைவாக்கியிருந்தார். வளைவின் உள்பக்கம்தான் கூர், வெளிப்பக்கம் மழுங்கல். பிடிக்கு சைக்கிள் ஹேண்டில்பாரின் ரப்பர். வெளிப்பக்கம் ஏன் மழுங்கல் என்று கேட்டேன். “தண்டு மேல கீறல் விழுந்தா புது சீலும் நிக்காதுங் தம்பி.” கடையில் எங்கும் கிடைக்காத கருவி. அவரிடம் ஆறு இருந்தன, ஒவ்வொன்றும் வெவ்வேறு வளைவில்.

பின்னைப் பிடுங்கி, கத்திகளைக் கழற்றி, கிளிமூக்கைத் தண்டுக்கும் கியர் பெட்டிக்கும் நடுவே விட்டு இழுத்தார். முதலில் வந்தது உரச்சாக்கு நூல். வெள்ளைப் பிளாஸ்டிக் இழை, இறுகி இறுகிக் கட்டையாகவே ஆகியிருந்தது. அதற்கு அடியில் தென்னை நார். அதற்கும் அடியில் கறுப்பு மல்ச்சிங் ஷீட்டின் கிழிசல், சொட்டுநீர்ப் பைப்பின் ஒரு துண்டு. கடைசியாகப் பச்சையில் சிவப்புக் கரை போட்ட ஒரு சேலைக் கிழிசல். மயிலும் காட்டுப்பன்றியும் இறங்காமல் இருக்கத் தோட்டத்தைச் சுற்றிப் பழைய சேலைகளை வேலியாகக் கட்டுகிறார்கள் அல்லவா, அது. ஒரு தோட்டத்தில் மூன்று வருடம் என்னென்ன நடந்தது என்று அந்தத் தண்டிலிருந்து படிக்கலாம் போலிருந்தது. எல்லாவற்றையும் ஒரு பழைய பெயின்ட் டப்பாவில் போட்டார்.

இந்த நூல்தான் வண்டியைக் கொல்கிறது. கத்தித் தண்டு கியர் பெட்டியிலிருந்து வெளியே வரும் இடத்தில் ஒரு ரப்பர் வளையம் இருக்கிறது. அதுதான் ஆயில் சீல். அதன் உதடு தண்டைக் கவ்விப் பிடித்திருக்கும். உதட்டைச் சுற்றி மயிரிழை மாதிரி ஒரு ஸ்பிரிங் வளையம் அதை இறுக்கிக் கொடுக்கும். உள்ளே இருக்கும் ஆயில் வெளியே வராமலும், வெளியே இருக்கும் மண் உள்ளே போகாமலும் காப்பது அந்த உதடு ஒன்றுதான். நூல் சுற்றச் சுற்ற சூடேறுகிறது, நகர்ந்து நகர்ந்து உதட்டுக்கு அடியில் நுழைகிறது, அறுக்கிறது. ஆயில் சொட்டுச் சொட்டாகப் போய்விடும். உழுத மண்ணில் விழுவதால் கண்ணுக்கும் தெரியாது. பிறகு மண் உள்ளே போகும். பேரிங் அரையும், பல் தேயும். சில பத்து ரூபாய் சீலில் தொடங்கியது ஆயிரக்கணக்கில் வந்து நிற்கும். சித்தியின் வண்டியில் பேரிங் போயிருந்தது. பல்சக்கரம் ஒன்றும் பாதி தேய்ந்திருந்தது.

கியர் பெட்டியைப் பிரித்து அடுக்கிய வேலையில் இரண்டு மணி நேரம் போனது. வாஷர்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பல்லுக்கும் பல்லுக்கும் இடைவெளி பார்த்தார். அந்த வரிசையை என்னால் பிடிக்க முடியவில்லை, அதை விட்டுவிடுகிறேன். ஆனால் பேரிங் விஷயம் சொல்ல வேண்டும். பழைய பேரிங்கைத் திருப்பூர் பனியன் வேஸ்ட்டில் துடைத்து வெளிச்சத்தில் பிடித்தார். ஓரத்தில் 6205 என்று இருந்தது.

“கடைசி ரெண்டு எண்ணை அஞ்சால பெருக்குங்க. அஞ்சஞ்சு இருபத்தஞ்சு. உள் ஓட்டை 25 மில்லிமீட்டர். வெளிவட்டம் 52, கனம் 15. உலகத்துல எந்தக் கம்பெனி செஞ்சாலும் 6205ன்னா இதேதானுங்க.”

சீலிலும் அப்படியே மூன்று எண்கள்: உள்விட்டம், வெளிவிட்டம், கனம். இந்த எண்களைக் கொண்டு கோவை பேரிங் கடையில் கேட்டால் கையில் வைத்துவிடுவார்கள். வண்டியின் பெயரைச் சொல்லி டீலரிடம் கேட்டால், பெயர் அச்சடித்த அட்டைப்பெட்டியில் அதே சாமானுக்குப் பல மடங்கு விலை. அல்லது, இல்லை என்ற பதில். எட்டாம் வகுப்பு வரை படித்த மனிதர் இவர். வருகிற எல்லாரிடமும் இந்தப் பெருக்கலைச் சொல்லிக் கொடுக்கிறார். தொழில் ரகசியமாக வைத்துக்கொண்டால் லாபம் அவருக்குத்தானே என்றேன். “எண்ணு தெரிஞ்சவன் சாமானோட வருவான். எனக்குக் கோயமுத்தூர் போற பஸ் காசு மிச்சம்” என்றார்.

பதின்மூன்று வயதில் கோவையில் ஒரு ஆயில் இன்ஜின் பட்டறையில் சேர்ந்திருக்கிறார். கிணற்று மேட்டில் டீசல் இன்ஜின்கள் ஓடிக்கொண்டிருந்த காலம். முதல் ஒரு வருடம் மண்ணெண்ணெயில் சாமான் கழுவுவது மட்டும்தான் வேலை. கையின் தோல் உரிந்து உரிந்து வருமாம். “கழுவுனவனுக்குத்தான் எது எங்க தேஞ்சிருக்குன்னு தெரியும்” என்றார் அதைப் பற்றி. கரண்ட் மோட்டார் வந்து இன்ஜின்கள் ஓய்ந்ததும் ஊருக்குத் திரும்பி டி.வி.எஸ். 50 பழுது பார்த்தார். 1980ல் வந்த வண்டி. இந்தப் பக்கம் பால்கேன் கட்டாத டி.வி.எஸ்ஸைப் பார்த்திருக்க முடியாது. பிறகு தெருவுக்குத் தெரு ஷோரூம்கள் வந்தன. பையன்கள் பனியன் கம்பெனிக்குப் போனார்கள். ஒருநாள் யாரோ ஒரு டில்லரைக் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போக, அதுவே இப்போது முழுத் தொழிலாகிவிட்டது.

உதவிக்கு ஆள் இல்லையா என்று கேட்டபோது உள்ளே கை காட்டினார். எவர்சில்வர் தட்டை மடியில் வைத்துக்கொண்டு அவர் மனைவி கார்பரேட்டர் பிரித்துக்கொண்டிருந்தார். சாமான் கீழே விழுந்து தொலையாமல் இருக்கத்தான் தட்டு. இன்ஜின் வேலை எதுவும் தெரியாது, இது ஒன்றுதான் தெரியும் என்றார். அந்த ஒன்றை அவர் செய்த விதத்தைப் பார்த்தேன். மிதவையைக் கழற்றி, ஜெட்டை எடுத்து வானத்தை நோக்கிப் பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்த்தார். நடுவில் ஊசிமுனையளவு ஓட்டை. வெளிச்சம் வரவில்லை. ஒயரிலிருந்து உரித்த செப்புக் கம்பியின் ஒற்றை இழையால் மெதுவாகக் குத்தினார். ஊசி போட்டால் ஓட்டை பெரிசாகிவிடும், பிறகு கறுப்புப் புகை அடிக்கும் என்றார்.

“அக்கா, இது எதனால அடைக்குது?”

“சும்மா நிக்கிறதாலதான். நாலு நாள் ஓட்டுறாங்க, நாலு மாசம் மூலையில போடுறாங்க. உள்ள நிக்கிற பெட்ரோல் பிசினாயிருது.” கார்பரேட்டர் கிண்ணத்தின் அடியில் இருந்த பச்சை கலந்த வெள்ளைப் படிவத்தைக் காட்டினார். “முன்னெல்லாம் இந்த வெள்ளை இவ்வளவு இருக்காது.”

காரணம் இருக்கிறது. பெட்ரோலில் எத்தனால் கலப்பு 2022 ஜூனில் 10 சதவீதத்தை எட்டியது; 2025ல் 20 ஆகிவிட்டது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். தினமும் ஓடும் பைக்கில் அது தங்குவதற்கு நேரமில்லை. பட்டத்துக்குப் பட்டம் ஓடும் டில்லரில் அடியில் தங்கி உலோகத்தை அரிக்கிறது. இத்தகைய சிறு இன்ஜின்கள் பலவற்றின் கையேட்டில் 10 சதவீதத்துக்கு மேல் எத்தனால் வேண்டாம் என்றே போட்டிருக்கிறார்கள். பங்க்கில் நமக்கு வேறு பெட்ரோல் எங்கே? அந்த அம்மா சொன்ன வழி எளிது: வேலை முடிந்ததும் பெட்ரோல் டேப்பை மூடிவிட்டு, இன்ஜின் தானாக நிற்கும்வரை ஓட விட வேண்டும். நெடுநாள் போடுவதானால் கார்பரேட்டருக்கு அடியிலுள்ள திருகைத் தளர்த்தி மிச்சத்தையும் வடித்துவிட வேண்டும். இதைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். மூன்று வருடத்தில் சித்திக்கு இதை யாரும் சொல்லவில்லை.

ஏர் பில்டரும் அப்படித்தான். வரிசையில் நின்ற வண்டிகளில் மூன்றில் பில்டரே இல்லை. கழற்றினால் இழுவை கூடுகிறது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஒன்றின் உள்ளே விரலை விட்டுக் காட்டினார் சீல்காரர். பவுடர் மாதிரி செம்மண். அது சிலிண்டரைத் தேய்த்து, ரிங்கைத் தேய்த்து, கடைசியில் நீலப்புகையாக வெளியே வருகிறது.

எனக்கு இங்கே கோபம் வருகிறது. மானியம் என்பது ஏழை விவசாயிக்கு அரசு கொடுக்கும் பணம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பணம் விவசாயியைத் தொட்டுவிட்டுக் கடைக்காரரிடம் போய்ச் சேருகிறது. வண்டி கைமாறிய அன்றே அவர் கணக்கு முடிந்துவிடுகிறது. ஒரே அச்சில் வார்த்த இன்ஜினை ஆளுக்கொரு வண்ணம் அடித்து, ஆளுக்கொரு பெயர் ஒட்டி விற்கிறார்கள். அடுத்த வருடம் அந்தப் பெயர் இருக்காது. பெயர் போனால் ஸ்பேரும் போச்சு. பெரிய பவர் டில்லர்கள் இப்படி வரவில்லை. 1967ல் பெங்களூரில் தொடங்கிய வி.எஸ்.டி., 1973ல் கேரள அரசு அத்தாணியில் தொடங்கிய காம்கோ எல்லாம் ஒரே வண்டியைப் பல பத்தாண்டுகளாகச் செய்துவருபவர்கள். அந்த வண்டிகளைப் பழுது பார்க்க ஊருக்கு ஊர் கை பழகிய ஆட்கள் உருவானார்கள். சிறு வண்டிக்கு அந்த அவகாசமே தரப்படவில்லை. இரண்டாயிரம் ரூபாய் வேலையில் எழுந்து நிற்கக்கூடிய வண்டியைக் காயலான் கடைக்கு அனுப்பிவிட்டு, அடுத்த மானியத்துக்கு விண்ணப்பம் எழுதச் சொல்கிறவர்கள் விவசாயியின் பணத்தையும் நம் எல்லாருடைய வரிப்பணத்தையும் சேர்த்தே தின்கிறார்கள்.

பழுதுநீக்கும் உரிமைக்காக மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் ஒரு குழு அமைத்தது. முதலில் கவனிக்க வேண்டியவை என்று அது அடையாளம் கண்ட துறைகளில் செல்போன், வீட்டுச் சாதனங்கள், வாகனங்களோடு பண்ணைக் கருவிகளும் உண்டு. அதே ஆண்டு டிசம்பரில் இணையதளமும் வந்தது. நல்லது. சீல்காரருக்கு வேண்டியது அதைவிடச் சின்னது: விற்கிற ஒவ்வொரு வண்டியோடும் அதன் சீல்கள், பேரிங்குகளின் எண்கள் தமிழில் ஒரு தாள். மானியத்தில் போகும் வண்டிக்கு இந்தத் தாளைக் கட்டாயமாக்க அரசுக்கு ஒரு பைசா செலவில்லை.

இரண்டாம் நாள் மாலை வண்டி தயாரானது. புது சீலின் உதட்டில் கிரீஸ் தடவி, அதே அளவு பைப் துண்டை மேலே வைத்து நாலு பக்கமும் சமமாகத் தட்டி இறக்கினார். கத்தியை மாட்டும்போது சித்தியைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். கூர் முகம் சுற்றும் திசையைப் பார்க்க வேண்டும். இடது வலது மாறினால் வண்டி குதிக்கும், மண்ணை வெட்டாது. சித்தி ஒன்றைத் தானே கழற்றி மாட்டிக் காட்டினார். பேரிங், சீல், பல்சக்கரம், ஆயில், கூலி எல்லாம் சேர்த்து அவர் கேட்ட தொகை, கடைக்காரர் வண்டியைப் பார்ப்பதற்கு மட்டும் கேட்டிருந்த தொகையைவிடக் கொஞ்சம்தான் அதிகம். நான் சேர்த்துக் கொடுத்ததை வாங்கவில்லை. சித்தி முருங்கைக்காய்க் கட்டு ஒன்றைக் கொட்டகைக்குள் வைத்துவிட்டு வந்தார்; அதை மறுக்கவில்லை.

கிளம்பும்போது கிளிமூக்குகளில் ஒன்றை எடுத்து, கைப்பிடி ரப்பரைத் துடைத்து, சித்தியிடம் கொடுத்தார். “ஓட்டி முடிச்சதும் பிளக் ஒயரைப் பிடுங்கி விட்டுருங்கம்மா. அப்புறமா இதை விடுங்க.”

இருபது நாள் கழித்து சித்தியிடமிருந்து போன். தென்னைக்கு ஊடே ஓட்டி முடித்தாராம். வண்டி எப்படி ஓடுகிறது என்று கேட்டேன்.

“ஓடுது சாமி. இன்னிக்கு ரெண்டு முழம் வந்துச்சு. எல்லாம் உரச்சாக்கு நூலு.”