ஆனேக்கல்லில் கண்ட பொன்முதுகு

அருவியைக் காணவே சென்றோம், அருவியில் நீரில்லை. ஆனேக்கல்லுக்கு அருகிலுள்ள முத்தியால மடுவுக்குப் பங்குனி வெயிலில் குழந்தைகளை அழைத்துச் சென்றது நம் பிழையே. படிகளில் இறங்கிப் பாறையைப் பார்த்துத் திரும்பினோம்.

வழியிலிருந்த தோப்பில் 'டக், டக்' என்ற ஓசை கேட்டது. பட்டுப்போன தென்னையொன்றில் மரங்கொத்தி ஒன்று செங்குத்தாக ஏறிக் கொண்டிருந்தது. முதுகு பொன்னிறம், கொண்டை செக்கச் சிவப்பு. விறைத்த வால் இறகுகளை மரத்தில் ஊன்றி நின்ற நிலை, முக்காலியில் அமர்ந்த தச்சனையே ஒத்திருந்தது. சற்றுப் பொறுத்து வந்த மற்றொன்றுக்கு நெற்றி கருமையாய் வெண்புள்ளியுடன் இருக்கவே, வேற்றினம் என்றோம். உடன்வந்த அன்பர் நகைத்து, அதுவே பெடை என்றார். மேற்குத் தொடர்ச்சி மலைக்காடுகளில் வாழும் பெரிய பொன்முதுகிற்கு இடுப்பு சிவப்பு, இதற்கோ கருப்பு. பிரித்தறிய அதுவே எளிய அடையாளமாம். இதன் நாவைத் தாங்கும் எலும்பு மண்டையோட்டைச் சுற்றி வளைந்து கிடப்பதால், பொந்துக்குள் நாவை நெடுக நீட்டி எறும்புகளைப் பற்றுகிறது.

"இது நம்மூர்ப் பறவையா, இவ்வூர்ப் பறவையா?" என்று சிறுமி ஒருத்தி கேட்டாள். இங்கே கன்னடத்தில் மரகுட்டிக என்பர். தமிழகத் தோப்புகளிலும் யாழ்ப்பாணத்திலும் இப்பொன்முதுகு உண்டு. இலங்கையின் தெற்கிலோ சிவந்த முதுகுடைய உறவினம் வாழ்கிறது. எல்லைக்கோடு மனிதர்க்குத்தான் போலும்!

இத்தாலுக்காவின் காடுகள் பல, 1974-ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்ட பன்னேருகட்டா தேசியப் பூங்காவைச் சேர்ந்தவை. பூங்காவைச் சுற்றிய பாதுகாப்பு வலயம் 2016-ஆம் ஆண்டு வரைவில் 268.96 சதுர கிலோமீட்டராக இருந்தது. 2020-இல் வெளியான இறுதி அறிவிப்பில் 168.84 ஆகச் சுருங்கியது. ஜிகணியிலும் பொம்மசந்திராவிலும் ஆலைகளை நம்பி வாழும் நம்மவர் குடும்பங்களுக்கும் வீடு வேண்டுமே. ஆகவே குறை கூற நமக்கு நா எழவில்லை. ஆயினும் பட்ட மரம் எஞ்சாத இடத்தில் இப்பறவை எங்கே பொந்து குடையும்? அது விட்டுச் சென்ற பொந்தில்தானே மைனாவும் ஆந்தையும் குடியேறுகின்றன?

தோப்புக்காரர் அத்தென்னையை மறுவாரம் வெட்டவிருந்தார். அன்பர் அவரிடம் கன்னடத்தில் நெடுநேரம் பேசினார். "குஞ்சு பறக்கட்டும், மழை வந்தபின் பார்ப்போம்" என்று அவர் இசைந்தார். ஆனியில் மீண்டும் வருவதாகக் குழந்தைகள் அவரிடம் சொல்லிவிட்டுப் பேருந்தில் ஏறினர்.