அருவி இல்லாத நாட்டில் ஒரு காடு

நம் காரைக்கால் மண்ணில் மலையும் இல்லை, அருவியும் இல்லை. மேட்டு நிலம் ஒன்றைக் காட்டுமாறு எவரேனும் கேட்டால் ஆற்றங்கரையையோ குளத்தங்கரையையோதான் காட்டவேண்டியிருக்கும். ஆயினும் விடுமுறை வந்துவிட்டால் நம் குடும்பங்கள் அருவியைத் தேடியே புறப்படுகின்றன. குற்றாலம் என்றும் ஒகேனக்கல் என்றும் இரவெல்லாம் உறங்காமல் வண்டியில் சென்று, கூட்டத்தில் இடிபட்டுப் பத்து நிமிடம் நனைந்து, மறுநாள் இரவும் உறங்காமல் திரும்புவது வழக்கமாகிவிட்டது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. சமவெளியில் பிறந்தவனுக்கு நீர் உயரத்திலிருந்து விழுவதைக் காண்பதில் தனி மகிழ்ச்சி உண்டு என்பது உண்மையே.

எண்ணிப் பார்த்தால் நம் ஊர் ஆற்றில் ஓடுவதும் அருவிநீர்தான். குடகு நாட்டுத் தலைக்காவிரியில் 1,200 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில் பிறக்கும் காவிரி, சிவசமுத்திரத்தில் ஒருமுறை விழுகிறது. அந்த வீழ்ச்சியிலிருந்து 1902ஆம் ஆண்டிலேயே மின்சாரம் எடுத்துக் கோலார் தங்கச் சுரங்கத்துக்கு அனுப்பினார்கள். பின்னர் ஒகேனக்கல் பாறைகளில் இன்னொருமுறை விழுந்து, 1934இல் கட்டி முடிக்கப்பெற்ற மேட்டூர் அணையில் தேங்கி, கிளை கிளையாகப் பிரிந்து நம்மிடம் வந்து சேர்கிறது. கும்பகோணத்தை ஒட்டி வரும் அரசலாறு நம் நகரின் ஊடே சென்று கடலில் கலக்கிறது. விழுவதற்கு இங்கே உயரம் இல்லை. ஆகவே வயலில் பரவி நெல்லாகிறது. கடைமடைக்காரராகிய நமக்கு அது ஒழுங்காக வந்து சேர்வதே பெரிது.

காட்டைப் பற்றியும் நம் எண்ணம் இப்படித்தான். காடு என்றால் மலைமேல் இருப்பது, நமக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று இருந்துவிட்டோம். 2018 நவம்பரில் காடே நம் கரைக்கு வந்தது. அம்மாதம் 16ஆம் நாள் விடியுமுன் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. அடுத்த நாள்களில் காரைக்கால் கடற்கரையில் மான்களின் உடல்கள் ஒதுங்கின. கோடியக்கரைக் காட்டில் மேய்ந்துகொண்டிருந்தவை வெள்ளத்தால் கடலுக்கு இழுக்கப்பட்டு, ஏறத்தாழ 70 கிலோமீட்டர் வடக்கே மிதந்து வந்திருந்தன. அவற்றைக் கண்டவர்கள் இன்றும் மறக்கவில்லை.

சென்ற தை மாதம் நம் பங்கின் குடும்பங்கள் சில ஒருநாள் பயணம் போவது பற்றிப் பேசின. வழக்கம்போல் குற்றாலத்தின் பெயரே முதலில் எழுந்தது. அப்போது கடலோரக் குப்பத்தைச் சேர்ந்த ஒரு தாய், "அந்த மானெல்லாம் எந்தக் காட்டிலிருந்து வந்துச்சோ, அதைப் போய்ப் பாத்துட்டு வரலாமே, சாமி" என்றார். அதற்குமேல் எவரும் வேறு பெயர் சொல்லவில்லை. ஒரு சனிக்கிழமை விடியற்காலையில் 22 பேர் ஒரு வேனில் புறப்பட்டோம். பின்னிருக்கைக்கு அடியில் புளிச்சோற்று அண்டா, தயிர்சோற்றுத் தூக்கு, தண்ணீர்க் குடங்கள், பாய்கள், இரண்டு கைக்குழந்தைகளுக்குரிய தொட்டில் சேலைகள் என்று ஒரு வீடே ஏறியிருந்தது.

காரைக்காலிலிருந்து கோடியக்கரைக்குச் சாலைவழி ஏறத்தாழ 80 கிலோமீட்டர். வாஞ்சூரில் நம் எல்லை முடிகிறது. 1954 நவம்பர் முதல் நாளில் பிரெஞ்சு ஆட்சி கைமாறி எத்தனையோ ஆண்டுகள் ஆகியும், எல்லை இருக்கும் இடத்தை அங்குள்ள மதுக்கடைகளே வழிப்போக்கனுக்கு உரக்கச் சொல்லிவிடுகின்றன. அதைப் பற்றி எழுத இந்தப் பக்கம் போதாது. நாகூரில் வெட்டாற்றைக் கடந்து, நாகப்பட்டினத்தைத் தாண்டி, வேளாங்கண்ணியில் சற்று நின்று தொடர்ந்தோம். அதற்கப்பால் வயல்கள் மெல்ல மெல்லக் குறைந்து, மண் வெளுத்து, பனையும் சவுக்கும் மிகுந்து வருவதைச் சன்னலோரத்தில் இருந்தவர்கள் கவனித்தார்கள். காவிரி கொணர்ந்த வண்டல் முடிந்து கடல் விட்டுச் சென்ற மணல் தொடங்கும் இடம் அது.

காலை உணவை அகத்தியம்பள்ளியில் உப்புச் சத்தியாகிரக நினைவுத்தூணின் அருகில் முடித்தோம். 1930 ஏப்ரல் 13ஆம் நாள் திருச்சியில் புறப்பட்ட ராஜாஜியும் ஏறத்தாழ 100 தொண்டர்களும் கால்நடையாக வந்து, அம்மாத இறுதியில் இங்கே உப்பு அள்ளினார்கள். அவர்களுக்குத் துணைநின்ற வேதரத்தினம் பிள்ளையின் பெயர் வேதாரண்யத்தில் இன்றும் மரியாதையுடன் சொல்லப்படுகிறது. சுற்றிலும் இன்றும் உப்பளங்கள்தாம். வெயில் ஏறுமுன்னரே வரப்புகளில் பெண்கள் உப்புக் கூடையுடன் நடந்துகொண்டிருந்தார்கள். நாங்கள் வேடிக்கை பார்க்கப் போகும் அந்த வெயிலில் அவர்கள் அன்று முழுதும் உழைக்கவேண்டியிருந்தது.

கோடியக்காட்டுச் சோதனைச்சாவடியில் வனக்காவலர் ஒருவர் வண்டியில் ஏறிக்கொண்டார். நெகிழிப் பைகளை எல்லாம் அங்கேயே வாங்கி வைத்துவிட்டார். வெளிமானைக் காப்பதற்கென்று 1967இல் அமைக்கப்பட்ட சரணாலயம் இது. 2002இல் உலகச் சிறப்புடைய ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் இடம்பெற்றது. தமிழ்நாட்டிலிருந்து அப்பட்டியலில் முதலில் சேர்ந்ததும் இதுதான்.

இப்போது காட்டைச் சொல்லவேண்டும். மேற்குமலைக் காட்டைக் கண்டவர்கள் இதனுள் நுழைந்தால் முதலில் ஏமாறக்கூடும். வானளாவிய மரம் இல்லை. சொட்டும் பாசி இல்லை. பெரும்பாலும் இரண்டு மூன்று ஆள் உயரத்துக்கு மேற்படாத மரங்கள், ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. ஆனால் கோடையிலும் இலை முழுவதையும் உதிர்ப்பதில்லை. நூலோர் இதை உலர் பசுமைமாறாக் காடு என்பர். சோழமண்டலக் கரை நெடுகிலும் ஒரு காலத்தில் படர்ந்திருந்த இக்காட்டில் இன்று எஞ்சியிருப்பவை சில கோயில்காடுகளும் சிறு துண்டுகளுமே. அவற்றுள் கோடியக்கரைக் காடு பெரியவற்றில் ஒன்று.

பாலைமரம்தான் இங்கே தலைவன். தடித்த சிறு இலை. கைக்கு இரும்புபோல் தோன்றும் கட்டை. கோடையில் பழுக்கும் மஞ்சள் நிறப் பாலைப்பழத்தை வேதாரண்யப் பக்கத்தில் படியால் அளந்து விற்பார்கள். தின்றால் உதடு பிசுபிசுக்கும்; குழந்தைகள் விடமாட்டார்கள். நாவல், வேம்பு, காட்டெலுமிச்சை, உகா, காரை என்று காவலர் ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே வந்தார். எங்களுடன் வந்திருந்த மூதாட்டி ஒருவர் அவருக்கு முன்பாகவே சில செடிகளின் பெயரையும் அவை எந்த நோய்க்கு ஆகும் என்பதையும் சொல்லத் தொடங்கவே, காவலர் நடையைத் தளர்த்தி அவரோடு சேர்ந்து நடந்தார். அதன்பின் எங்களுக்கு வழிகாட்டிகள் இருவர்.

மணலில் இவ்வளவு பசுமை எவ்வாறு நிற்கிறது? ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பெய்யும் மழை மணல்மேட்டில் விழுந்து வழிந்தோடாமல் அப்படியே உள்ளே இறங்குகிறது. அடியில் இருப்பதோ கடலின் உப்புநீர். உப்புநீர் கனமானது, நன்னீர் இலேசானது. எனவே இறங்கிய மழைநீர் உப்புநீரின்மேல் எண்ணெய்போல் மிதந்து நிற்கிறது. மரங்களின் வேர் அந்த மெல்லிய நன்னீரைப் பருகியே ஆண்டு முழுதும் பசுமை காக்கிறது. அளவுக்கு மீறி இறைத்தால் அடியிலுள்ள உப்பு மேலேறிவிடும். நம் ஊரின் கடலோரக் கிணறுகள் சிலவற்றில் நேர்ந்துவிட்டது இதுதான்.

ஓரிடத்தில் பாதை சற்று ஏறியது. அதுவே இக்காட்டின் மலை. இராமர் பாதம் என்று மக்கள் வழிபடும் அம்மேடு கடல்மட்டத்திலிருந்து 4 மீட்டர் அளவே உயர்ந்தது. அதன்மேல் நின்றால் ஒருபுறம் காட்டின் உச்சியும் மறுபுறம் புல்வெளியும் தெரிகின்றன. புல்வெளியில் வெளிமான்களைக் கண்டோம். ஆண்மானின் முதுகு கருமை, வயிறு வெண்மை. கொம்பு முறுக்கிய கயிறுபோல் மேலே செல்கிறது. ஒன்று துள்ள, பின்னால் வந்த அனைத்தும் அதே இடத்தில் துள்ளின. அங்கே தாண்டவேண்டிய தடை எதுவும் இல்லை, ஆயினும் துள்ளின. காரைக்கால் கரையில் பார்த்ததை நினைவுகூர்ந்த தாய் ஒன்றும் பேசவில்லை. நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்புல்வெளிக்கு இன்று புயலைவிடப் பெரிய பகை சீமைக்கருவேல் மரம். அமெரிக்கக் கண்டத்திலிருந்து விறகுக்காகக் கொண்டுவரப்பட்டது. அதன் காயை உண்ணும் மாடும் குதிரையும் விதையைச் சாணத்தோடு புதிய இடங்களில் இடுகின்றன. அது வளர்ந்த இடத்தில் புல் இல்லை. புல் இல்லாத இடத்தில் வெளிமான் இல்லை. வனத்துறையினர் வெட்டி எடுக்க, மழைக்குப் பின் மீண்டும் முளைக்கிறது. எங்களில் ஒருவர், "எங்க வீட்டு அடுப்பு இருபது வருஷம் இதுலதான் எரிஞ்சது, சாமி" என்றார். அதுவும் மெய்யே. ஏழையின் அடுப்புக்கு வேறு வழி சொல்லாமல் ஒரு மரத்தை மட்டும் பழிப்பது எனக்கு உடன்பாடன்று. ஆனால் அடுப்புக்கு உதவியது என்பதால் அதனை மானின் மேய்ச்சல் நிலத்தில் விட்டுவைக்கவும் இயலாது.

கஜா புயலின் தழும்பு காடெங்கும் உள்ளது. வேரோடு சாய்ந்த மரங்கள் இன்னும் கிடக்கின்றன. அந்த இரவில் கடல் உள்ளே புகுந்து குட்டைகளின் நன்னீரை உவர்ப்பாக்கிவிட்டது என்றும், தப்பிப் பிழைத்த விலங்குகளுக்குத் தொட்டிகளில் நீர் ஊற்றியதாகவும் காவலர் சொன்னார். முறிந்து படுத்த பாலை ஒன்றைக் காட்டினார். அதன் அடிக்கட்டையில் விரல்பருமனில் கிளைகள் பல எழுந்திருந்தன. பழைய மரம் அளவுக்கு ஆக எத்தனை ஆண்டு என்று சிறுவன் ஒருவன் கேட்டான். "நான் பாக்க மாட்டேன் தம்பி, நீயும் பாப்பியோ என்னவோ" என்று காவலர் சிரித்தார்.

சேற்றுவெளியின் ஓரத்தில் பூநாரைகளைத் தொலைவிலிருந்துதான் காண முடிந்தது. முதலில் இளஞ்சிவப்புக் கோடுபோல் தோன்றி, அசைந்தபின்பே பறவையென்று தெரிந்தது. தலையைக் கவிழ்த்து அலகால் சேற்றுநீரை வடிகட்டி உண்ணும் விந்தைப் பறவை. அவற்றின் காலடியில் ஓடித் திரிந்த சிறு உள்ளான்களோ ஆர்க்டிக் பகுதியிலிருந்து பறந்து வருபவை. பறவை அறிஞர் சாலிம் அலி இவ்விடத்தின் அருமையை எடுத்துரைத்தவர். அவர் சார்ந்த பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் இங்கே பறவைகளைப் பிடித்துக் காலில் வளையம் பூட்டிப் பறக்கவிட்டு, அவை செல்லும் வழிகளை ஆராய்ந்தார்கள்.

பிற்பகலில் கடற்கரைக்கு வந்தோம். தமிழகக் கரை இங்கே சட்டென மேற்கே திரும்புகிறது. கிழக்கே வங்கக்கடல், தெற்கே பாக் நீரிணை. கோடி என்ற பெயர் எவ்வளவு பொருத்தம்! கல்கியின் 'பொன்னியின் செல்வன்' படித்தவர்கள் பூங்குழலியின் படகையும் கலங்கரை விளக்கத்தையும் தேடினார்கள். சோழர் காலத்தது என்று சொல்லப்பட்ட பழைய விளக்கின் எச்சம் 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையில் அழிந்துவிட்டது. 1890இல் கட்டிய வெள்ளை விளக்கும், அதற்குப் பின் எழுப்பிய உயர்ந்த விளக்கும் உள்ளன. பங்குனி ஆமைகள் முட்டையிடும் பருவம் தொடங்கியிருந்தது. அம்முட்டைகளை எடுத்து வனத்துறையினர் வேலிக்குள் புதைத்துக் காக்கின்றனர். ஒவ்வொரு குழியிலும் நூறு முட்டை அளவில் இருக்கும். குஞ்சு வெளிவர 45 முதல் 60 நாள் ஆகும்.

கரையில் கீற்றுக் கொட்டகைகள் வரிசையாக நின்றன. ஐப்பசி முதல் சில மாதங்கள் பல ஊர் மீனவர்கள் இங்கே தங்கித் தொழில் செய்வார்கள். அவர்களில் நம் ஊர்க்காரர்களும் இருந்தார்கள். வேனின் எண்பலகையைப் பார்த்ததுமே அடையாளம் கண்டு, "காரக்கா வண்டியா?" என்று ஓடிவந்தார்கள். எங்கள் குடங்கள் அதற்குள் காலியாகியிருந்தன. அவர்களில் பெரியவர் ஒருவர் சிறுவர்களை அழைத்துக்கொண்டு மணல்மேட்டின் பின்புறம் சென்று, கையாலும் கொட்டாங்கச்சியாலும் முழங்கை ஆழத்துக்குப் பள்ளம் பறிக்கச் சொன்னார். கடல் நூறு அடி தூரத்தில் இரைந்துகொண்டிருந்தது. பள்ளத்தின் அடியில் மணல் முதலில் கறுத்தது; பிறகு மினுங்கியது; பிறகு ஓரங்களிலிருந்து நீர் கசிந்து கூடியது. "கலக்காதீங்க, தெளியட்டும்" என்றார் பெரியவர். தெளிந்தபின் முதல் கொட்டாங்கச்சியை அந்தத் தாயிடம் கொடுத்தார். அவர் ஒரு வாய் குடித்துவிட்டு, "கொஞ்சங்கூட உப்பில்லையே!" என்றார். ஒரு கொட்டாங்கச்சி நீர் ஊற இரண்டு மூன்று நிமிடம் பிடித்தது. 22 பேரும் குடித்து முடிக்கும்வரை வேன் காத்திருந்தது.