பாஸ்வேர்டு சரிதான், ஆனா தப்பு!

ஐபோன் பேக்கப்புக்குப் போடுகிற பாஸ்வேர்டு மாதிரி மறக்கத் தோதான பாஸ்வேர்டு வேறு இல்லீங்க. 'என்கிரிப்ட்' பெட்டியில் டிக் அடிக்கிற அன்றைக்கு இரண்டு தடவை தட்டுவோம், அவ்வளவுதான். அதற்கப்புறம் ஒவ்வொரு பேக்கப்பும் சத்தமில்லாமல் தானாகவே பூட்டிக்கொள்ளும். மறுபடி கேட்பது ரீஸ்டோர் செய்யும்போதுதான். அதற்குள் நாம் நாலு வீடும் இரண்டு கம்பெனியும் மாறியிருப்போம்.

சரி, ஏன் டிக் அடிக்கிறோம்? சேமித்து வைத்த பாஸ்வேர்டுகள், ஹெல்த் விவரங்கள் எல்லாம் என்கிரிப்ட் செய்த பேக்கப்பில்தான் சேரும். சில கம்பெனிகளில் ஆபீஸ் மெயில் வேண்டுமென்றால் அதைக் கட்டாயமாகவே ஆக்கிவிடுவார்கள்.

2024 ஜூலை 25 அன்று கடக்வாஸ்லா அணையிலிருந்து தண்ணீர் திறந்துவிட்டு, சிங்ககட் ரோடு பக்கம் ஏக்தா நகரி வீடுகளுக்குள் முத்தா நதி புகுந்தது ஞாபகம் இருக்கும். அங்கே தரைத்தளத்தில் நம்ம மாயவரத்து அண்ணன் ஒருவர் வீடு. பீரோவின் கீழ்த்தட்டில் இருந்த பழைய ஐபோனும் பழைய லேப்டாப்பும் சேற்றுக்குள். போன் போனது போனதுதான். லேப்டாப்பின் ஹார்ட் டிஸ்கை மட்டும் காயவைத்துக் கழற்றிப் பார்த்தால் உயிர் இருந்தது. உள்ளே 2018-ல் எடுத்த பேக்கப். அதில்தான் அவர் அப்பா திண்ணையில் உட்கார்ந்து பேசிய வாய்ஸ் மெமோக்கள். அப்பா 2019-ல் போய்விட்டார். வேறு பிரதி கிடையாது.

புது லேப்டாப்பில் அந்த ஃபோல்டரைப் போட்டு ரீஸ்டோர் கொடுத்தால், பாஸ்வேர்டு தப்பு என்கிறது. "தம்பி, பாஸ்வேர்டு எனக்கு நல்லாத் தெரியும்டா. பொண்ணு பேரு, அட் குறி, அவ பொறந்த வருஷம்" என்று அண்ணன் சத்தியம் செய்கிறார்.

முதல் வேலையாக 'மொபைல்சிங்க்' ஃபோல்டரை அப்படியே ஒரு பென் டிரைவில் பிரதி எடுத்தேன். பிறகு பழைய ஆப்பிள் ஐடி பாஸ்வேர்டுகள், விண்டோஸ் பாஸ்வேர்டு, போன் திறக்கிற எண் என்று வரிசையாகப் போட்டுப் பார்த்தோம். (மேக் என்றால் கீசெயினில் 'ஐபோன் பேக்கப்' என்று தேடலாம், சேமித்திருந்தால் கிடைக்கும்.) ஊஹூம்.

செட்டிங்ஸில் 'ரீசெட் ஆல் செட்டிங்ஸ்' கொடுத்தால் போகும் என்பார்கள். 2017-ல் ஐஓஎஸ் 11 வந்ததிலிருந்து அந்த வசதி இருப்பது உண்மை. ஆனால் அதற்குப் போன் உயிரோடு இருக்கணும். அப்படியே இருந்தாலும் இனிமேல் எடுக்கிற பேக்கப்புக்குத்தான் புது பாஸ்வேர்டு வைக்க முடியும், பழசு திறக்காது. ஆப்பிள்காரனைக் கேட்டும் பிரயோஜனமில்லை, அவனிடமே சாவி கிடையாது.

தப்கீர் கல்லியில் ஒரு கடைக்காரர் "தோன் திவஸ்" என்றார். ஆளை விடுங்க சாமி! 2016 கடைசியில் வந்த 10.2-லிருந்து, ஒரே ஒரு பாஸ்வேர்டைச் சோதிக்கவே கம்ப்யூட்டர் ஒரு கோடி சுற்று கணக்குப் போட வேண்டும். எதுவுமே தெரியாமல் குருட்டுத்தனமாகத் தேடினால் ஜென்மத்துக்கும் ஆகாது.

அப்புறம்தான் கேட்டேன், "அண்ணே, அந்த லேப்டாப் எங்கே வாங்கினீங்க?"

"லண்டன்ல. ஆன்சைட் போயிருந்தப்ப."

அங்கேதான் விஷயம். நம்மூர் கீபோர்டில் ஷிஃப்ட்டும் 2-ம் அழுத்தினால் அட் குறி. பிரிட்டிஷ் கீபோர்டில் அதே இடத்தில் இரட்டை மேற்கோள் குறி! திரையில் வெறும் புள்ளிதான் தெரியும். அண்ணன் விரல் பழக்கத்தில் இரண்டு தடவையும் ஒரே மாதிரி அழுத்த, அதுவும் ஏற்றுக்கொண்டது. இத்தனை வருஷமாக அவர் நினைத்துக்கொண்டிருந்த பாஸ்வேர்டு வேறு, உள்ளே இருந்தது வேறு :-)

அட் குறியை எடுத்துவிட்டு மேற்கோள் குறியைப் போட்டோம். கோடு மெல்ல நகர ஆரம்பித்தது. அண்ணி அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றார்.

முப்பத்தோரு பதிவுகள். ஒன்றில் அப்பா கும்பகோணம் மகாமகத்துக்கு மாட்டுவண்டியில் போன கதை, நடுவில் காப்பி ஆறிப்போச்சு என்று அம்மாவிடம் சண்டை. அன்று ராத்திரியே எல்லாவற்றையும் சாதாரண ஆடியோ ஃபைலாக மாற்றி சிங்கப்பூரில் இருக்கிற தங்கைக்கு அனுப்பினார். பாஸ்வேர்டு எதுவும் போடாமல்.