அம்மா சிரித்த படம் எந்த டேப்பில்?

"மேடம், 2008-ல உங்க பத்திரிகை நடத்தின சமையல் போட்டியில எங்கம்மா மூணாம் பரிசு வாங்கினாங்க. அந்தப் படம் கிடைக்குமா?"

டிஜிட்டல் டெஸ்க்குக்கு இப்படி அடிக்கடி போன் வரும். "பார்த்துச் சொல்றோம்" என்று வைத்துவிடுவோம். இந்த முறை அப்படி வைக்க முடியவில்லை. அந்தப் பெண்ணுக்கு இரண்டு வாரத்தில் கல்யாணம். அம்மா இப்போது இல்லை. வீட்டில் மிச்சம் இருப்பது வாக்காளர் அட்டைப் படம் மட்டும்தான். "அதுல அம்மா அம்மா மாதிரியே இல்ல மேடம்" என்றார்.

பைண்டு செய்த பழைய இதழ்களைப் புரட்டினேன். படம் இருந்தது. ஆனால், தீப்பெட்டி அளவுக்குக் குரூப் போட்டோ. அம்மாவின் முகத்தில் பாதியைக் குக்கர் ஆவி மறைத்திருந்தது. அன்று படமெடுத்த போட்டோகிராபர் ஓய்வு பெற்றுவிட்டார். போனில் பிடித்தேன். "ஒரு போட்டிக்கு நாற்பது படமாவது எடுப்பேனே! எல்லாம் ஆபீஸ்லதான் இருக்கும்" என்றார்.

எங்கள் சிஸ்டம்ஸ் அண்ணா வராந்தாவில் இருந்த இரும்பு பீரோவைத் திறந்தார். ஹார்டு டிஸ்க் வரும் என்று பார்த்தால், உள்ளங்கை அளவில் சதுரமாக பிளாஸ்டிக் டப்பாக்கள். உள்ளே ஒரே ஒரு சக்கரத்தில் அரை அங்குல அகல டேப். நீளம் 680 மீட்டர்! ஒரு டப்பாவில் 400 ஜி.பி. கொள்ளும்.

"இந்தக் காலத்துல டேப்பாண்ணா?" என்று சிரித்துவிட்டேன்.

"சிரிக்காதம்மா. 2011-ல ஒரு சாஃப்ட்வேர் கோளாறுல கொஞ்சம் பேரோட ஜிமெயில் காலியாச்சு. கூகுள் அதைத் திருப்பி எடுத்ததே டேப்லேருந்துதான். டேப் எந்த கம்ப்யூட்டரோடவும் ஒட்டிக்கிட்டு இல்ல. அதனால கோளாறு அதைத் தொடல" என்றார்.

2008 டேப்பைக் கண்டுபிடித்தோம். ஆனால், டிரைவ் தகராறு. ஒருநாள் ஓடும், மறுநாள் பாதியில் நின்று ஆரஞ்சு விளக்கு எரியும். 'போட்டுத்தான் பார்ப்போமே' என்று டேப்பை நீட்டினேன். அண்ணா கையைத் தட்டிவிட்டார். "நம்மகிட்ட இருக்கிறது இது ஒண்ணுதான். சந்தேகமான டிரைவ்ல ஒரே காப்பியை விடவே கூடாது. முதல்ல வேண்டாத டேப்பைப் போட்டுப் பார்க்கணும்."

அடுத்த இரண்டு நாள் எனக்குப் பாடம் நடந்தது. முதலில் கேபிள். அது பழைய ஸ்கஸி வகை. கேபிளின் முனையில் டெர்மினேட்டர் என்று ஒரு சின்ன துண்டு இருக்கும். அது லூஸாக இருந்தாலே டிரைவ் இப்படி வந்து வந்து போகும். இறுக்கினார், சரியாகவில்லை. அடுத்தது கிளீனிங் டேப். அதை சுமார் 50 தடவைதான் பயன்படுத்தலாம். எங்களிடம் இருந்தது காலம் முடிந்தது. டிரைவ் உடனே துப்பிவிட்டது. புதிது வாங்கிப் போட்டோம். விளக்கு அணைந்தது. ஒரு மணி நேரத்தில் மறுபடி எரிந்தது. "இன்னொரு தடவை கிளீன் பண்ணலாமா?" என்றேன். "டிரைவ் கேட்டாத்தான் பண்ணணும். சும்மா சும்மா தேய்ச்சா ஹெட் தேஞ்சு போகும்."

கடைசியில் வேண்டாத டேப்புகள் இரண்டைப் போட்டார். இரண்டுமே நின்றன. "ரெண்டு டேப் ஒரே டிரைவ்ல மக்கர் பண்ணினா, கோளாறு டிரைவ்ல. ஒரே டேப் ரெண்டு டிரைவ்லயும் மக்கர் பண்ணினா, கோளாறு டேப்ல." டிரைவுக்கு விடை கொடுத்தோம்.

இங்கேதான் நான் ஒரு தப்பு செய்தேன். மாடியில் வீடியோ டீமிடம் புது டிரைவ் இருப்பது ஞாபகம் வந்தது. அண்ணா சாப்பிடப் போன நேரத்தில் டேப்பை எடுத்துக்கொண்டு ஓடினேன். அளவு கச்சிதமாகப் பொருந்தியது. உள்ளே போனது. சில விநாடிகளில் வெளியே வந்துவிட்டது. எனக்குக் கை நடுங்கிவிட்டது.

நல்லவேளை, டேப்புக்கு ஒன்றும் ஆகவில்லை. திட்டிவிட்டுத்தான் அண்ணா விளக்கினார். இந்த டேப் வகையின் பெயர் எல்.டி.ஓ. 2000-ல் வந்தது. தலைமுறை தலைமுறையாக மாறியும் டப்பாவின் வடிவம் மட்டும் மாறவில்லை. எங்கள் டேப் 3-ம் தலைமுறை. மாடி டிரைவ் 7. ஏழு வரை வந்த டிரைவ்கள் தனக்கு முந்தைய இரண்டு தலைமுறை டேப்புகளைப் படிக்கும். ஒரு தலைமுறை முந்தையதில் மட்டும் எழுதும். 8-ல் அதுவும் குறைந்து, முந்தைய ஒரு தலைமுறை மட்டும்தான். "நிறத்தைப் பார்த்து வாங்காத, கம்பெனிக்குக் கம்பெனி நிறம் மாறும். லேபிள்ல கடைசியில இருக்கிற எண்ணைப் பாரு."

ரிச்சி தெருவுக்குப் போனோம். கடைக்காரர் 6-ம் தலைமுறை டிரைவை, "இதுதான் புதுசு, விலையும் குறைச்சுத் தர்றேன்" என்று காட்டினார். நான் தலையாட்டியே இருப்பேன். அண்ணா, "6 நாலு வரைக்கும்தான் படிக்கும். எங்களுக்கு 5 வேணும்" என்றார். தேடியதில் ஒன்று கிடைத்தது, பழையதுதான்.

உடனே போடவும் விடவில்லை. வராந்தா சூட்டில் இருந்த டேப் ஏ.சி. அறைக்குப் பழக வேண்டும் என்று ஒருநாள் முழுக்க சர்வர் அறையில் வைத்தார். டப்பாவின் ஓரத்தில் இருக்கும் சின்ன பூட்டைத் தள்ளி, தவறியும் மேலே எதுவும் எழுதாதபடி செய்தார். மறுநாள் மாலை, கல்யாணத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது, டேப் சுற்ற ஆரம்பித்தது.

நடுவில் ஓரிடத்தில் நின்றது. சில படங்கள் பாதி சாம்பல் நிறமாக வந்தன. மற்றவை திறந்தன. ஒன்றில் அந்த அம்மா அடுப்பைவிட்டுத் திரும்பி, யாரையோ பார்த்து வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். கையில் கரண்டி. அண்ணா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

பிறகு பீரோவில் இருந்த எல்லா டேப்பையும் ஒவ்வொன்றாக நகலெடுத்தோம். இரண்டு டேப்புகள் கடைசிவரை படிக்கவே இல்லை. அவற்றில் இருந்த பொங்கல் சிறப்பிதழ் படங்கள் போனது போனதுதான். எழுதி, லேபிள் ஒட்டி, பூட்டி வைத்தவர்கள் யாரும் திரும்பப் படித்துப் பார்க்கவில்லை. இப்போது மாதம் ஒரு டேப்பை எடுத்துப் போட்டுப் பார்ப்பது என் வேலை.

நம் வீடுகளிலும் இதே கதைதான். கல்யாண சி.டி. இருக்கிறது, அதை ஓட்டும் கருவி இல்லை. பீரோவில் ஹார்டு டிஸ்க் இருக்கிறது, திறந்து பல வருடம் ஆகியிருக்கும். இந்த ஞாயிற்றுக்கிழமை அதை ஒருமுறை திறந்து, நாலு படமாவது பாருங்கள். திறந்தால், இன்னோர் இடத்திலும் ஒரு நகல் எடுத்து வையுங்கள்.

கல்யாணம் முடிந்த இரவு அந்தப் பெண்ணிடமிருந்து வாட்ஸ்அப் வந்தது. மணமேடை ஓரத்தில் பூப்போட்ட சட்டத்துக்குள் அம்மா சிரிக்கிறார். கீழே ஒரு வரி: "அந்தக் கரண்டி இன்னும் எங்க வீட்லதான் இருக்குக்கா. நாளைக்குப் புது வீட்டுக்கு எடுத்துட்டுப் போறேன்."