உறங்கினவனோடு செய்யப்பட்ட உடன்படிக்கை



தேவனுக்குப் படைக்கிற எந்தப் போஜனபலியிலும் உடன்படிக்கையின் உப்பு குறையக்கூடாது என்று லேவியராகமம் 2:13 கட்டளையிடுகிறது. மரக்காணத்து ஜனங்களுக்கு அந்த வசனத்தை விளக்க நான் அதிகம் பிரயாசப்பட வேண்டியிருப்பதில்லை. ஆனால் எண்ணாகமம் 18:19-க்கும் 2 நாளாகமம் 13:5-க்கும் வரும்போது ஒரு காரியம் நிகழ்கிறது. எபிரெய மூலத்தில் அவ்விரண்டு இடங்களிலும் "உப்பு உடன்படிக்கை" என்றே இருக்கிறது. நாம் வழக்கமாக வாசிக்கும் தமிழ் வேதாகமமோ அதன் கருத்தை எடுத்துக்கொண்டு "மாறாத உடன்படிக்கை" என்கிறது. கருத்து சரியே. ஆயினும் உப்பளத்தின் நடுவே குடியிருக்கிற நமக்கு அந்த உப்பை விட்டுவைத்திருக்கலாமே என்கிற ஆதங்கம் எனக்கு உண்டு.

ஏனென்றால் நம் ஊரார் உடனே ஒரு கேள்வி கேட்பார்கள். உப்பு மாறாததா? ஒரு மழைக்குள் ஓர் அம்பாரமே கரைந்துபோவதை நாம் கண்டதில்லையா? கண்டிருக்கிறோம். ஆனால் கரைந்த உப்பு இல்லாமற்போனதில்லை என்பதையும் அறிந்திருக்கிறோம். அதன் வடிவம் போயிற்று; உப்பு நீருக்குள் இருக்கிறது. கிருபையின் உடன்படிக்கைக்கும் புதிய உடன்படிக்கைக்கும் என்ன சம்பந்தம் என்று வாசகர் சிலர் கேட்டிருந்தீர்கள். அதற்குப் பதில் எழுத உட்கார்ந்தபோது என் மனதில் முதலில் வந்தது இதுதான்.

"கிருபையின் உடன்படிக்கை" என்கிற சொற்றொடர் வேதத்தில் எங்கும் அப்படியே எழுதப்பட்டிருக்கவில்லை. "திரித்துவம்" என்பதைப்போல, வேதம் போதிப்பதைச் சுருக்கிச் சொல்லச் சபை வைத்துக்கொண்ட பெயர் அது. ஆதாம் விழுந்தபின், மனிதன் தன் கிரியையினால் ஜீவனைப் பெறும் வழி அடைபட்டுப்போனது. அப்பொழுது தேவன் தம்முடைய சொந்த வாக்கின்மேல் இரட்சிப்பை ஏற்படுத்தினார். ஸ்திரீயின் வித்தைக் குறித்து ஆதியாகமம் 3:15-இல் சொல்லப்பட்ட வாக்குத்தத்தமே அதன் முதல் துளி. "புதிய உடன்படிக்கை" என்பதோ வேதத்தின் சொந்தச் சொல். எரேமியா 31-ஆம் அதிகாரத்தில் முன்னறிவிக்கப்பட்டு, கர்த்தருடைய கடைசி இராப்போஜனத்தில் அவருடைய வாயாலேயே சொல்லப்பட்டு, எபிரெயர் நிருபத்தில் விரித்துரைக்கப்பட்டது.

இவை இரண்டா, ஒன்றா?

இதற்கு விடை காண ஆதியாகமம் 15-ஆம் அதிகாரத்துக்குப் போக வேண்டும். ஆபிராம் மிருகங்களைத் துண்டித்து எதிரெதிராக வைக்கிறான். பூர்வகாலத்தில் உடன்படிக்கை செய்கிறவர்கள் அத்துண்டங்களின் நடுவே கடந்துபோவார்கள். நான் வாக்கு மாறினால் இந்த மிருகத்துக்கு ஆனது எனக்கும் ஆகட்டும் என்பது அதன் பொருள். (எரேமியா 34:18-ஐ வாசித்தால் அந்த வழக்கம் விளங்கும்.) அந்த இரவில் துண்டங்களின் நடுவே கடந்துபோனது யார்? புகைகிற சூளையாகவும் அக்கினிஜுவாலையாகவும் வெளிப்பட்ட தேவன் ஒருவரே. ஆபிராம் அயர்ந்து உறங்கிக்கிடந்தான். "உடன்படிக்கை" என்ற நம் சொல்லிலே இருவர் உடன்படுகிற அர்த்தம் தொனிக்கிறது. இங்கேயோ ஒரு தரப்பு உடன்படவில்லை, கையெழுத்திடவில்லை, விழித்திருக்கவுமில்லை. ஆணையிட்டவர் ஒருவர், ஆணையினால் நன்மை பெற்றவன் வேறொருவன்.

சீனாய் மலையடியில் காட்சி வேறாயிருக்கிறது. யாத்திராகமம் 24-இல் ஜனங்கள் விழித்திருக்கிறார்கள், வாய்திறந்து சம்மதிக்கிறார்கள், கர்த்தர் சொன்னவற்றையெல்லாம் செய்வோம் என்கிறார்கள். நாற்பது நாளுக்குள் பொன் கன்றுக்குட்டி எழும்பிற்று. எரேமியா மூலமாகத் தேவன் புது உடன்படிக்கையை அறிவிக்கும்போது, அது எதைப்போல் இராது என்று சொல்கிறார் என்று கவனியுங்கள். எகிப்திலிருந்து கைப்பிடித்து நடத்திவந்த நாளில் பிதாக்களோடே பண்ணினதைப்போல் இராது என்கிறார். ஆபிரகாமோடே பண்ணினதைப்போல் இராது என்று அவர் சொல்லவில்லை. இந்த ஒரு வித்தியாசத்தைக் காணாமல் விட்டதனாலே எத்தனையோ பிரசங்கங்கள் வழிவிலகிப் போயிருக்கின்றன. பழைய ஏற்பாட்டார் நியாயப்பிரமாணத்தால் இரட்சிக்கப்பட்டார்கள், நாம் கிருபையால் இரட்சிக்கப்படுகிறோம் என்று இன்றைக்கும் மேடையில் சொல்லக் கேட்கிறேன். பவுல் அதைக் கேட்டிருந்தால் கலாத்தியருக்கு இன்னொரு நிருபம் எழுதியிருப்பார். 430 வருஷத்துக்குப் பின்வந்த நியாயப்பிரமாணம் முன்னே உறுதிப்பட்ட வாக்குத்தத்தத்தைத் தள்ளிவிட மாட்டாது என்று கலாத்தியர் 3:17-இல் அவர் தெளிவாகவே எழுதியிருக்கிறார்.

உப்பளத்தில் வேலைசெய்கிறவர்கள் இதை இன்னும் எளிதாக விளங்கிக்கொள்வார்கள். ஒரு லிட்டர் கடல் நீரில் உப்பு ஏறத்தாழ 35 கிராம். அந்த நீரைப் பாத்தி பாத்தியாக மாற்றி வெயிலில் நிறுத்துகிறோம். முதலில் சுண்ணாம்பும் ஜிப்சமும் அடியில் தங்கிவிடுகின்றன. போமே அளவில் 25 பாகையை எட்டும்போதுதான் உப்பு மணிமணியாக விளைகிறது. கடைசிப் பாத்தியிலேதான் உப்பு உண்டானது என்று எவராவது சொன்னால் நாம் சிரிப்போம். உப்பு கடலிலிருந்தே வந்தது. ஆனால் கையால் வாரி எடுக்கும்படி கிடைத்தது கடைசிப் பாத்தியிலேதான். நோவா, ஆபிரகாம், மோசே, தாவீது என்று ஒவ்வொரு பாத்தியாகக் கடந்துவந்த அதே கிருபை கிறிஸ்துவில் விளைந்து கைக்கு எட்டிற்று. பலிகளும் ஆசாரிய முறைமையும் வழியில் படிந்து நின்றுவிட்டன. அவை வீணானவை அல்ல. அவற்றின் வேலை அதுவரைக்கும்தான்.

எந்த உவமைக்கும் ஓர் எல்லை உண்டு. உப்பை விளைவிப்பது வெயில். உடன்படிக்கையை உறுதிப்படுத்தினது இரத்தம். ஆபிராம் கண்ட துண்டங்களின் நடுவே கடந்துபோனவர், நாம் மீறின உடன்படிக்கைக்காகத் தாமே துண்டிக்கப்பட்டார். ஆகையால் புதிய உடன்படிக்கை என்பது கிருபையின் உடன்படிக்கைக்கு மாற்றாக வந்த வேறொன்று அன்று. அதன் விலை செலுத்தப்பட்ட வடிவம். எபிரெயர் 9:15 ஒரு படி மேலே போகிறது. முதலாம் உடன்படிக்கையின் காலத்தில் நடந்த மீறுதல்களுக்கும் நிவிர்த்தி கிறிஸ்துவின் மரணத்தினாலேயே உண்டாயிற்று. அப்படியானால் தாவீது மன்னிக்கப்பட்டது எதனால்? ஆயிரம் வருஷத்துக்குப் பின் சிந்தப்பட இருந்த இரத்தத்தினால்தான்.

1646-இல் வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கையை எழுதினவர்கள் தங்கள் ஏழாம் அதிகாரத்தில் இதையே சொன்னார்கள்: சாரத்தில் ஒரே உடன்படிக்கை, நிர்வாகத்தில் காலத்துக்கேற்ற வேறுபாடு. 1689-இல் லண்டனில் தங்கள் அறிக்கையை வெளியிட்ட பாப்டிஸ்து சகோதரர், அக்கிருபை படிப்படியாக வெளிப்பட்டுப் புதிய ஏற்பாட்டில் முழுமையடைந்தது என்றார்கள். அவர்களில் பலர், கிறிஸ்துவுக்கு முன் அது வாக்குத்தத்தமாக மாத்திரமே இருந்தது, அவருடைய இரத்தத்திலேதான் உடன்படிக்கையாக ஸ்தாபிக்கப்பட்டது என்று போதிக்கிறார்கள். ஆபிரகாம் இரட்சிக்கப்பட்டது கிருபையினாலேயே என்பதில் இரு தரப்புக்கும் பேதமில்லை. பேதம் வருவது நம் பிள்ளைகளைப் பற்றிப் பேசும்போதுதான்.

அதைப் படிப்பறையில் அமர்ந்து பேசுவது ஒன்று. வேறு விதமாகவும் அந்தக் கேள்வி வரும்.

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. நம் உப்பளங்கள் ஒரே நீர்ப்பரப்பாகக் கிடந்தன. அந்த டிசம்பரில், உப்பள வேலைசெய்து பிழைக்கும் நம் சபைச் சகோதரி ஒருவருடைய 40 நாள் குழந்தை காய்ச்சலில் மரித்தது. கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு ஞானஸ்நானம் கொடுப்பதாக நாள் குறித்திருந்தோம். (அவருடைய சம்மதத்தோடே, பெயரில்லாமல் இதை எழுதுகிறேன்.) துக்கம் விசாரிக்க வந்த உறவினர் ஒருவர், ஞானஸ்நானம் பெறாத பிள்ளையாயிற்றே என்று பெருமூச்சு விட்டிருக்கிறார். வேறோர் ஊழியர், புதிய உடன்படிக்கை தானாக விசுவாசிக்கிறவர்களுக்கு மாத்திரம், பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்வது பழைய உடன்படிக்கையோடு முடிந்துபோயிற்று என்று விளக்கம் கொடுத்திருக்கிறார். ஒருவர் தண்ணீரைக் கேட்டார், மற்றவர் விசுவாசத்தைக் கேட்டார். 40 நாள் குழந்தையிடம் இரண்டும் இல்லை. அந்தத் தாய் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: "ஐயா, எம் புள்ள உள்ள இருக்கா, வெளிய இருக்கா?"

எபிரெயர் 9:16-இல் நம் வேதாகமம் உடன்படிக்கை என்னாமல் "மரணசாசனம்" என்கிறது. கிரேக்கத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்தான், தியாத்தேக்கே. மரணசாசனம் என்பது நாம் உயில் என்று சொல்வதே. உயிலில் ஒரு கைக்குழந்தைக்குச் சொத்து எழுதப்பட்டால் அந்தக் குழந்தை கையெழுத்திட வேண்டுமா? வாசித்துப் புரிந்துகொள்ள வேண்டுமா? எழுதினவர் மனதார எழுதியிருக்க வேண்டும், அவர் மரித்திருக்க வேண்டும், அவ்வளவே. நம் கர்த்தர் எழுதினார், மரித்தார், தாம் எழுதின உயிலைத் தாமே நிறைவேற்ற உயிர்த்தெழுந்தும் இருக்கிறார். இதைத்தான் அவருக்கு முதலில் சொன்னேன்.

பிறகு திண்டிவனத்தைப் பற்றிச் சொன்னேன். நம் ஊருக்கு மேற்கே இருக்கிற அந்த ஊர் ஆற்காடு மிஷனின் ஊழியத்தலங்களில் ஒன்று. அமெரிக்காவிலிருந்த டச்சு சீர்திருத்தச் சபையிலிருந்து வந்த ஸ்கடர் சகோதரர் மூவர் 1853-இல் அந்த மிஷனைத் தொடங்கினார்கள். ஒரே இரவில் மூன்று தாய்மார் பிரசவத்தில் மரித்ததைக் கண்டு ஐடா ஸ்கடர் தம் வாழ்க்கையை ஒப்புக்கொடுத்ததும் திண்டிவனத்தில்தான். பின்னாளில், 1947 செப்டம்பர் 27 அன்று உருவான தென்னிந்தியத் திருச்சபையில் அந்த மரபும் கலந்தது. அந்த மிஷனெரிமார் தங்களோடு கொண்டுவந்த விசுவாசப் பிரமாணங்களில் ஒன்று, 1618-க்கும் 1619-க்கும் இடையே நெதர்லாந்தின் டார்ட் நகரத்தில் கூடின மாமன்றத்தின் தீர்மானங்கள். தேவனுடைய தெரிந்துகொள்ளுதலைப் பற்றின கடினமான உபதேசம் அது. பலர் அதைக் கல்லைப்போல் குளிர்ந்த எழுத்து என்பார்கள். ஆனால் அதன் முதல் பகுதியிலேயே, 17-ஆம் பிரிவிலே, அந்தப் பண்டிதர்கள் நின்று திரும்பிப் பார்க்கிறார்கள். பக்தியுள்ள பெற்றோர், சிசுப்பருவத்திலே தேவன் எடுத்துக்கொண்ட தங்கள் பிள்ளைகளின் இரட்சிப்பைக் குறித்துச் சந்தேகப்படத் தேவையில்லை என்கிறார்கள். அதற்குக் காரணமாக ஞானஸ்நானத்தை அவர்கள் காட்டவில்லை. பிள்ளையின் சுபாவப் பரிசுத்தத்தையும் காட்டவில்லை. பெற்றோரோடுகூடப் பிள்ளைகளையும் உள்ளடக்குகிற கிருபையின் உடன்படிக்கையையே காட்டினார்கள். சிசு மரணம் ஏறக்குறைய எல்லா வீட்டுக்குள்ளும் நுழைந்த நூற்றாண்டு அது. அந்தப் பிரிவை எழுதின கைகளில் சில, தங்கள் பிள்ளைகளைப் புதைத்த கைகளாகவும் இருந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

பாப்டிஸ்து சகோதரருடைய கேள்வியையும் நான் தள்ளிவிடவில்லை. புதிய உடன்படிக்கையில் சிறியவன் முதல் பெரியவன் வரைக்கும் எல்லாரும் கர்த்தரை அறிவார்கள் என்று எரேமியா 31:34 சொல்லும்போது, அறியாத குழந்தையை எப்படிச் சேர்ப்பது? நேர்மையான கேள்வி. என் பதில் இரண்டு வாக்கியம். அந்த அறுவடை தொடங்கிவிட்டது, இன்னும் முடியவில்லை. அதனால்தான் உடன்படிக்கையின் இரத்தத்தை அவமதிக்கிறவனைக் குறித்து எபிரெயர் 10:29 இன்னும் எச்சரிக்கிறது. மேலும் பெந்தெகொஸ்தே நாளில், புதிய உடன்படிக்கையின் முதல் பிரசங்கத்திலேயே, வாக்குத்தத்தம் உங்கள் பிள்ளைகளுக்கும் உண்டு என்று பேதுரு சொல்லிவிட்டார். இதில் என்னோடு இசையாத போதகர்கள் உண்டு. அவர்களும் அந்தத் தாயின் பிள்ளையை நரகத்துக்கு அனுப்பமாட்டார்கள் என்பதை அறிவேன். ஆனால் துக்க வீட்டின் வாசலில் நின்று உபதேச வாதம் செய்வதை மாத்திரம் எவரும் செய்யாதிருப்பார்களாக.

தண்ணீரைக் குறித்த பெருமூச்சுக்குத் தாவீதைக் காட்டினேன். 2 சாமுவேல் 12-இல் தாவீதின் பிள்ளை ஏழாம் நாளில் மரிக்கிறது. அந்த ஏழு நாளைப் பிறப்பிலிருந்து எண்ணினால், விருத்தசேதனத்துக்கு இன்னும் ஒரு நாள் இருந்தது. உடன்படிக்கையின் அடையாளம் சரீரத்தில் இல்லாமலே அந்தப் பிள்ளை போயிற்று. தாவீது எழுந்து, ஸ்நானம்பண்ணி, தேவாலயத்தில் பணிந்துகொண்டு, தான் அந்தப் பிள்ளையினிடத்துக்குப் போவதாகச் சொன்னான். அடையாளத்தை அசட்டைபண்ணுகிறவனுக்கு அது வேறு காரியம். அடையாளம் வருமுன் மரணம் வந்துவிட்டால், அடையாளம் காட்டின வாக்கு அதனால் மரித்துப்போவதில்லை.

அந்தச் சகோதரி வேறொன்றும் கேட்கவில்லை. சற்று நேரம் கழித்து, மழை மாதங்களுக்காக உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு அரசு கொடுக்கும் 5000 ரூபாயைப் பற்றி, அந்த விண்ணப்பத்தில் இன்னும் என்ன காகிதம் வைக்க வேண்டும் என்று பேசினார். துக்கத்திலும் அடுப்பு எரிய வேண்டுமல்லவா. நான் காகிதங்களைப் பார்த்துக் கொடுத்தேன்.

வருகிற ஞாயிறு நம் சபையில் திருவிருந்து. பாத்திரத்தை எடுக்கும்போது "புதிய உடன்படிக்கை" என்ற சொல்லைக் கேட்பீர்கள். கர்த்தர் அதைச் சொன்ன இரவிலே சீஷர்கள் பாத்திரத்தை வாங்கிப் பானம்பண்ணினார்கள். உம்மோடு மரிக்கவும் ஆயத்தம் என்று எல்லாரும் வாக்குக் கொடுத்தார்கள். பிறகு கெத்செமனேக்குப் போனார்கள். அங்கே அவர் முகங்குப்புற விழுந்து, வியர்வை இரத்தத்தின் பெருந்துளிகளாய்த் தரையிலே விழ, நம் உடன்படிக்கையின் விலையைக் குறித்துப் பிதாவோடே ஜெபித்துக்கொண்டிருந்தார். கல்லெறி தூரத்தில் அவர்கள் உறங்கிக்கொண்டிருந்தார்கள்.