வேலியை மேயும் புழு

வேலியே பயிரை மேய்ந்தது என்பது நம்மவர் அடிக்கடி எடுத்தாளும் பழமொழி. அவ்வேலியையே மேய்கின்ற ஓர் உயிரும் உண்டென்பதைப் பினாங்கில் வீட்டைச் சுற்றிப் பச்சை வேலி வளர்ப்போர் நன்கறிவர். தழைத்துப் பூத்து நின்ற செம்பருத்தி, இரண்டொரு வாரம் கவனியாது விட்டால், கந்தல் துணியைப்போல் ஆகிவிடுகிறது. காரணம் கூறவருவோர் பலர். மண்ணில் சாரமில்லை என்பார் ஒருவர். கண்ணேறு பட்டது என்று சொல்லி வாசலிலே பூசணிக்காயைக் கட்டித் தொங்கவிடுவார் மற்றொருவர். பூசணிக்காய்க்கும் புழுவுக்கும் என்ன வழக்கோ நானறியேன். இலையைத் திருப்பிப் பார்க்கும் சிரமத்தை மேற்கொள்ளாதவர்க்கே இத்தகைய காரணங்கள் எளிதில் தோன்றுகின்றன.

நான் அக்கரையில் ஓர் எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் கிராணியாக இருப்பவன். குடியிருப்பது ஆயர் ஈத்தாமில். வீட்டின் முன்புறம் முப்பதடி நீளத்துக்குச் செம்பருத்தி வேலியும், கடைசியில் இரண்டு கருவேப்பிலைச் செடிகளும் உண்டு. ஆங்கில வழியே கல்வி பயின்றவனாதலால், செம்பருத்தியின் இலத்தீன் பெயர் இளமையிலேயே எனக்கு மனப்பாடம். 1960-ஆம் ஆண்டில் அது இந்நாட்டின் தேசிய மலராக்கப்பட்ட செய்தியும் பாடத்தில் இருந்தது. அதன் இலையைத் தின்பது எது, அது எங்கே ஒளிந்திருக்கிறது என்பவை மட்டும் பாடத்தில் இல்லை.

செம்பருத்தியைக் கெடுப்பனவற்றுள் முதன்மையானது இலைசுருட்டிப் புழு. வெளிர் மஞ்சள் சிறகில் பழுப்பு நிற நெளிகோடுகள் ஓடும் சிறிய அந்துப்பூச்சியொன்று இலையின் அடிப்புறத்தில் முட்டையிடுகிறது. வெளிவரும் புழு பச்சை நிறம். உடலினுள்ளே தின்றது தெரியுமளவுக்குத் தெளிந்த தோல். சற்று வளர்ந்ததும் அது ஓர் இலையைச் சுருட்டுப் பிடிப்பவர் புகையிலையைச் சுருட்டுவதுபோல் சுருட்டித் தன் வாயிலிருந்து வரும் பட்டிழையால் தைத்துவிடும். உண்பதும் உறங்குவதும் கழிப்பதும் அச்சுருளுக்குள்ளேயே. சுருளைப் பிரித்தால் கருமணல் போன்ற எச்சம் கொட்டும். வெண்டைக்கும் பருத்திக்கும் இதுவே பகை. ஆகையால் வேலியோரம் வெண்டை பயிரிட்டவர் இரட்டை நஷ்டம் அடைவர்.

இனி நம்மவர் செய்வதென்ன? கடைக்குச் சென்று ஒரு புட்டி ‘பூச்சி மருந்து’ வாங்கி வந்து வேலி முழுவதும் நனையத் தெளிக்கின்றனர். இச்சொல்லைச் சற்று நின்று கவனிக்கவேண்டும். மலாய்க்காரர் அதனை ‘ராச்சுன்’ என்கின்றனர். நஞ்சு என்பதே அதன் பொருள். நாமோ உயிரைக் கொல்வதற்கு உண்டாக்கிய பொருளை மருந்து என்கிறோம். தோட்டத்தில் அதனைத் தெளிக்கும் தொழிலுக்கும் ‘மருந்தடிப்பு’ என்றே பெயர். மருந்தென்று கேட்ட காது அஞ்சுவதில்லை. குழந்தைக்குப் பாலாடையில் புகட்டுவதும் மருந்து, முதுகில் சுமந்து சென்று தெளிப்பதும் மருந்தென்றால், கை கழுவாமல் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிப்பவரை எப்படிக் குறை கூறுவது?

அந்நஞ்சாவது புழுவைச் சேர்கிறதா என்றால், பெரும்பாலும் இல்லை. மேலே பட்டால் கொல்லும் நஞ்சு இலையின் மேல் விழுகிறது. புழுவோ சுருளுக்குள் குடையின்கீழ் இருப்பதுபோல் இருக்கிறது. சாவது யார்? புழுவின் உடலில் முட்டையிட்டு, அதனை உள்ளிருந்தே தின்று தீர்க்கும் சிறு குளவிகளும் ஈக்களும் இலைமேல் திறந்தவெளியில் திரிவன. அவையே முதலில் மடிகின்றன. காவலரைக் கொன்று கள்வனை உயிரோடு விட்டால் ஊர் என்னவாகும்? அடுத்த மாதம் வேலியில் சுருள்கள் முன்னிலும் மிகுதியாகின்றன. உடனே இன்னொரு புட்டி வாங்கப்படுகிறது. இதனால் இலாபம் அடைவது கடைக்காரர் ஒருவரே.

இது நான் கற்பனையாகக் கூறுவதன்று. எங்கள் தொழிலே இப்பாடத்தைப் பெரும் பொருள் செலவிட்டுக் கற்றது. எண்ணெய்ப்பனையில் கூட்டுப்புழு என்று ஒன்றுண்டு. ஓலைத் துணுக்குகளைப் பட்டிழையால் ஒட்டிப் பை செய்து, அதற்குள்ளிருந்து தலையை மட்டும் நீட்டி ஓலையைச் சுரண்டித் தின்னும். 1950-களின் பிற்பகுதியிலும் 1960-களின் தொடக்கத்திலும் டி.டி.டி., டீல்ட்ரின், எண்ட்ரின் முதலிய நீடித்த நஞ்சுகளை மலாயாத் தோட்டங்களில் தாராளமாகத் தெளித்தனர். பைக்குள்ளிருந்த புழு தப்பியது. அதன் பகைவர்கள் அழிந்தன. மரங்கள் தீய்ந்தாற்போல் நின்றன. பி. ஜே. வுட் என்னும் பூச்சியியலார் இதனை ஆராய்ந்து, எண்ணெய்ப்பனைப் பூச்சிகளைப் பற்றிய நூலொன்றை 1968-இல் வெளியிட்டார். 1961-இல் வட போர்னியோவுக்கு, இன்றைய சபாவுக்கு, வந்த கார்டன் கான்வே என்பவர் கொக்கோத் தோட்டங்களிலும் இதே கூத்தைக் கண்டார். நஞ்சு தெளிப்பதை நிறுத்துங்கள் என்று அவர் கூறியபோது நிர்வாகிகள் எவ்வளவு திகைத்திருப்பர் என்பதை, துரைமாரோடு பழகிய எவரும் ஊகிக்கலாம். நிறுத்தினர். குளவிகள் திரும்பி வந்தன. இலை தின்னும் புழுக்கள் தணிந்தன.

இன்று எண்ணெய்ப்பனைத் தோட்டச் சாலையோரங்களில் மஞ்சளும் வெள்ளையுமாகச் சிறு பூச்செடிகள் வரிசையாக நிற்பதை வழிப்போக்கர் அழகுக்கென்று நினைப்பர். அவை குளவிகளுக்குத் தேன் கொடுக்க நட்டவை. இதற்கும் பழைமை உண்டு. சீன நாட்டில் ஆரஞ்சு மரங்களைக் காக்க முசுற்றெறும்புக் கூடுகளைச் சந்தையில் விற்றனர் என்று கி.பி. 304-ஆம் ஆண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் ஒரு நூல் கூறுகிறது. நம் வீட்டு மாமரத்தில் முசுறு கூடு கட்டினால் நாம் மண்ணெண்ணெயைத் தேடுகிறோம்.

என் அயல்வீட்டார் நல்லவர், வயதில் மூத்தவர், அவரை அண்ணன் என்றே அழைப்பேன். தம் வேலிக்கு நஞ்சு தெளிக்க ஞாயிறுதோறும் ஓர் அம்மையாரை அமர்த்தியிருந்தார். அவ்வம்மையார் அக்கரையில் ஒரு தோட்டத்தில் இருபதாண்டுகளுக்குமேல் மருந்தடித்து ஓய்ந்தவர். கையுறை இல்லை, முகத்தில் ஒரு பழைய துண்டு. நீர் கொடுக்கச் சென்றபோது அவர் விரல்களைப் பார்த்தேன். மூன்று நகங்கள் கறுத்துப் பிளந்திருந்தன. “கையுறை போட்டுக்கொள்ளக் கூடாதா அம்மா?” என்றேன். “அட போங்க தம்பி, இந்தக் கைக்கு மருந்து புதுசா?” என்று சிரித்தார். அவர் ஆண்டுக்கணக்காகத் தெளித்தவற்றுள் பாராகுவாட் என்னும் களைக்கொல்லியும் ஒன்று. தோலைப் புண்ணாக்கும், நகத்தைக் கெடுக்கும், ஒரு வாய் விழுங்கியவர் பிழைப்பது அரிது. அரசாங்கம் அதனைத் தடுக்க 2002-இல் முடிவு செய்து, 2006-இல் தளர்த்தி, இறுதியில் 2020 சனவரி 1 முதல் முற்றிலும் தடை செய்தது. அந்த இடைக்காலத்தில் அதனைச் சுமந்த முதுகுகளில் பெரும்பகுதி பெண்களுடையவை. அவர்களில் தமிழ்ப் பெண்கள் பலர்.

செக்ரோல் எழுதுபவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். எத்தனை பேர், எத்தனை ஏக்கர், எத்தனை லிட்டர் என்பவற்றுக்கெல்லாம் அதில் கட்டம் உண்டு. நகத்துக்குக் கட்டம் இல்லை. உலகத்து நஞ்சுகளை எதிர்த்துப் பல நாட்டாரும் ஒன்றுகூடிப் பூச்சிக்கொல்லி நடவடிக்கை வலையமைப்பைத் தோற்றுவித்தது 1982-ஆம் ஆண்டு மே மாதத்தில், இதே பினாங்கில். அந்நகரில் வாழும் நாம் முப்பதடிச் செம்பருத்திக்காக அவ்வம்மையாரின் கையை மீண்டும் நனைக்கலாமா?

அண்ணனிடம் இதை வாதமாகச் சொல்லவில்லை. சுருளைப் பிரித்துக் காட்டினேன். நனைந்த இலைக்குள்ளே புழு நலமாக இருந்தது. அவருக்கு அது போதுமாயிற்று. அவ்வம்மையாரோ ஞாயிற்றுக் கூலி போயிற்றே என்று வருந்தவேண்டியதில்லை. இப்பொழுது அதே கூலிக்கு இரு வீட்டு வேலிகளிலும் சுருள் கிள்ளுகிறார். அவர் கண்ணுக்குத் தப்பும் புழு அரிது.

கிள்ளுவதுதான் முதல் வைத்தியம். வாரம் ஒருமுறை காலையில் வேலியோரம் நடந்து, சுருண்ட இலைகளைப் புழுவோடு பறித்துச் சவர்க்கார நீரில் அமிழ்த்தவேண்டும். ஒரு புழு தன் வாழ்நாளில் தின்பதில் பெரும்பங்கு கடைசிச் சில நாட்களில்தான். ஆதலால் சிறிதாயிருக்கையில் பிடித்தால் இலை தப்பும். புழுவின் முதுகிலோ அருகிலோ அரிசிபோல் வெண்மையான சிறு கூடுகள் ஒட்டியிருந்தால் அதனைத் தொடாமல் விட்டுவிடுக. அவை குளவியின் குஞ்சுகள். மயிருள்ள கம்பளிப்பூச்சியை வெறுங்கையால் தொடலாகாது, இடுக்கி வேண்டும். வேலியை முழுதும் ஒரே நாளில் வெட்டினால் எங்கும் ஒரே காலத்தில் தளிர் விட்டு அந்துப்பூச்சிக்கு விருந்தாகும். பாதி இன்று, பாதி மூன்று வாரம் கழித்து என்று வெட்டுக.

இவ்வளவுக்கும் அடங்காவிடில், ஒரு லிட்டர் நீரில் 5 மில்லிலிட்டர் வேப்பெண்ணெயும் சிறிது சவர்க்காரமும் கலந்து, வெயில் தாழ்ந்தபின் இலையின் அடிப்புறம் படத் தெளிக்கலாம். பாசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற நுண்ணுயிரும் கடைகளில் கிடைக்கிறது. 1901-இல் சப்பானியப் பட்டுப்புழுக்களைக் கொன்ற நோயிலிருந்து கண்டறியப்பட்டு, 1915-இல் செருமனியில் பெயர் பெற்றது. எண்ணெய்ப்பனைக் கூட்டுப்புழுவுக்கும் இதனைப் பயன்படுத்துகின்றனர். புழு அதனைத் தின்றால்தான் சாகும். மேலே பட்டதனால் குளவி சாவதில்லை. ஆயினும் வெயிலில் விரைவில் வலுவிழக்கும். சுருள் கட்டுமுன் இளம் புழுவுக்கே பயன்படும்.

கருவேப்பிலையின் கதை வேறு. அதில் வரும் புழு முதலில் பறவை எச்சம்போல் தோன்றி, பின்னர் பச்சையாகி, தொட்டால் தலைப்புறத்திலிருந்து கொம்புபோல் ஒன்றை நீட்டி நாற்றம் வீசும். அதுவே பெரிய வண்ணத்துப்பூச்சியாகிறது. சமையலறையாளருக்கு இலை வேண்டும். என் மகளுக்கு வண்ணத்துப்பூச்சி வேண்டும். இருவரும் பேசி ஓர் உடன்படிக்கைக்கு வந்தனர்: வாசற்பக்கச் செடி குழம்புக்கு, மூலைச் செடி புழுவுக்கு. வாசற்செடியில் காணும் புழுவையெல்லாம் மகள் ஓர் இலையில் ஏந்திக்கொண்டுபோய் மூலைச் செடியில் விடுகிறாள். அதில் இப்பொழுது நான்கு இருக்கின்றன.