நான்கு வரிச் செய்தியும் ஒரு பழைய மோட்டார் சைக்கிளும்

தங்கையின் மகன் கொழும்பில் கணினி நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறான். இருபத்தைந்து வயது. சில மாதங்களுக்கு முன்னர் ஒரு வெள்ளிக்கிழமை இரவு தொலைபேசியில் அழைத்தான்.

"மாமா, ஒரு பைக் பாத்திருக்கிறன். சீபீஆர் 250. விலையும் கதைச்சு முடிஞ்சுது. நீங்கள் ஒருக்கா வந்து பாத்துச் சொன்னால்தான் அம்மா ஓம் எண்டுவாவாம்."

யாழ்ப்பாணத்தில் இருக்கும் தங்கையின் சம்மதத்துக்கு எனது கையொப்பம் வேண்டும் என்பதுதான் அழைப்பின் சாரம். செய்தி சேகரிப்பதற்காக முப்பது ஆண்டுகளுக்கு மேல் மோட்டார் சைக்கிளில் அலைந்தவன் என்ற வகையில் எனக்கு அந்த இயந்திரம் பற்றிக் கொஞ்சம் தெரியும். ஆனால் நான் உடனே வருவதாகச் சொன்னமைக்குக் காரணம் அதுவன்று.

பத்திரிகைத் தொழிலுக்கு வந்த முதல் ஆண்டுகளில் பொலிஸ், வைத்தியசாலைச் செய்திகள் எனது பொறுப்பில் இருந்தன. 'வேகக் கட்டுப்பாட்டை இழந்த மோட்டார் சைக்கிள் மதிலுடன் மோதியதில் இளைஞர் பலி.' இந்த வாக்கியத்தை நான் எத்தனை தடவை எழுதியிருப்பேன் என்று எண்ணிப் பார்த்ததில்லை. பெயர், வயது, ஊர் ஆகியவற்றை மாற்றினால் போதும். நான்கு வரியில் செய்தி முடிந்துவிடும்.

ஒருநாள் அந்த நான்கு வரிகளை வெட்டி எடுத்துக்கொண்டு ஒரு முதியவர் அலுவலகத்துக்கு வந்தார். "தம்பி, என்ர பிள்ளை வேகமாய் ஓடேல்லை. கடைக்குப் போட்டு வந்தவன்" என்றார். குரலை உயர்த்தவில்லை. திருத்தம் போடும்படியும் கேட்கவில்லை. சொல்லிவிட்டுப் போக வந்திருந்தார். மறுநாள் பொலிஸ் நிலைய வளவில் அந்த மோட்டார் சைக்கிளைப் பார்த்தேன். வாங்கி மூன்று வாரந்தான். முன் ரயர் பாளம் பாளமாக வெடித்திருந்தது. முன் ஃபோர்க் குழாயில் முன்பே வளைந்து நிமிர்த்தப்பட்ட அடையாளம் இருந்ததாக என்னுடன் வந்த மெக்கானிக் காட்டினார். கட்டுப்பாடு இழக்கப்பட்டது உண்மை. ஏன் இழக்கப்பட்டது என்று நான் கேட்டிருக்கவில்லை. அந்தத் தந்தைக்கு நான் பட்ட கடன் இன்னமும் தீரவில்லை.

மருமகன் பார்த்து வைத்திருந்தது சாதாரண வண்டியல்ல. ஹொண்டா நிறுவனம் 1990இல் ஜப்பானில் வெளியிட்ட சீபீஆர் 250 ஆர்ஆர். நான்கு சிலிண்டர்கள், 249 சீ.சீ., ஆரம்ப மாதிரிகளில் 45 குதிரைவலு. நிமிடத்துக்கு 19,000 சுற்றுகளில்தான் அதன் மானியில் சிவப்புக் கோடு தொடங்கும். ஜப்பானில் 250 சீ.சீ. வரையான மோட்டார் சைக்கிள்களுக்குக் காலமுறைப் பரிசோதனை கட்டாயமில்லை. அதனால் அந்த வகுப்பில் கவாசாக்கி, சுசுக்கி, யமஹா ஆகிய நிறுவனங்களும் போட்டியிட்டுச் சிறிய பந்தய வண்டிகளைச் செய்தன. அவற்றில் பல பின்னர் எமது நாட்டுக்கு 'ரீகண்டிஷன்' வண்டிகளாக வந்தன. இன்று அவற்றின் வயது கால் நூற்றாண்டைத் தாண்டிவிட்டது. ஆயினும் 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் அனுமதி கிடைக்கும் வரையான காலத்தில் பழைய வண்டிகளின் விலை ஏறியதேயன்றி இறங்கவில்லை. வயதான இயந்திரத்துக்கு இளைஞனின் சேமிப்பு முழுவதும் கைமாறும் நிலை.

கொட்டாஞ்சேனையில் சிறு கராஜ் நடத்தும் நண்பர் ஒருவரையும் அழைத்துக்கொண்டு ஞாயிறு காலை புறப்பட்டோம். அவரை எல்லோரும் 'பாஸ்' என்றே அழைப்பார்கள். நாங்கள் வரும்வரை எஞ்சினை இயக்க வேண்டாம் என்று விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லியிருந்தோம். பாஸ் போனவுடன் வண்டியைப் பார்க்கவில்லை. குனிந்து எஞ்சின் மூடியில் கையை வைத்தார். சூடாக இருந்தது.

"கழுவிய பிறகு சற்று ஓடவிட்டேன்" என்றார் விற்பவர். இருக்கலாம். ஆனால் குளிர்ந்த நிலையில் இயக்கச் சிரமப்படும் வண்டியை முன்னரே சூடாக்கி வைப்பது பழைய உத்தி. செய்தியாளனின் மொழியில் சொன்னால், நேர்காணலுக்கு முன்னரே சாட்சிக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தாயிற்று. எஞ்சின் ஆறும்வரை காத்திருக்கத் தீர்மானித்து, அதற்குள் மற்றவற்றைப் பார்த்தோம்.

இந்த வகை வண்டிகளை மூடியிருக்கும் பிளாஸ்ரிக் உறை அழகுக்கும் காற்றைக் கிழிப்பதற்கும் உரியது. விழுந்த தழும்புகளை மறைப்பதற்கும் அதுவே வசதி. ஆகவே பளபளக்கும் பரப்பை விட்டுவிட்டு ஓரங்களைப் பார்க்க வேண்டும். ஹாண்டில் முனைகள், பிறேக், கிளச் லீவர்களின் நுனிகள், கால்மிதிகளின் வெளி ஓரங்கள், எஞ்சினின் பக்க மூடிகள். வண்டி சரிந்தால் முதலில் தேய்பவை இவை. பழைய வண்டியில் லீவர் மட்டும் புதிதாக இருந்தால் ஏன் என்று கேட்க வேண்டும். இந்த வண்டியில் வலப்பக்க லீவர் புதிது.

அடுத்துப் பாஸ் ஹாண்டிலை ஒரு பக்கம் முழுவதும் திருப்பி, கழுத்துப் பகுதியில் டோர்ச் அடித்துக் காட்டினார். ஹாண்டில் ஓரளவுக்கு மேல் திரும்பாதபடி சட்டகத்தில் ஒரு சிறிய தடுப்பு முனை இருக்கும். முன்பக்கம் பலமாக மோதிய வண்டியில் அது நசுங்கியோ உடைந்தோ இருக்கும். இங்கே அது அரத்தால் ராவப்பட்டு, மேலே கறுப்பு மை பூசப்பட்டிருந்தது. பின்னர் முன் சில்லை நிலத்திலிருந்து உயர்த்தி ஹாண்டிலை மெதுவாக இருபுறமும் அசைத்தார். நடுவில் ஓரிடத்தில் பள்ளத்தில் விழுவதுபோல் தடக்கியது. கழுத்துப் பேரிங் அடிவாங்கியதன் அறிகுறி. ஃபோர்க் குழாயில் எண்ணெய் வளையம் இருந்தது, சீல் கசிகிறது. எண்ணெய் பிறேக்கில் வடிந்தால் என்னவாகும் என்று சொல்லத் தேவையில்லை.

"ரயர் புதுசு மாமா, பூவெல்லாம் அப்படியே இருக்கு" என்றான் மருமகன், எங்கள் முகங்களைப் பார்த்துச் சற்றுத் தளர்ந்த குரலில். பூ ஆழமாகத்தான் இருந்தது. ஆனால் ரயரின் பக்கச் சுவரில் ஒரு சிறு நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும். முதலிரண்டும் வாரம், அடுத்த இரண்டும் ஆண்டு. அங்கே 1412 என்று இருந்தது. 2012ஆம் ஆண்டின் பதினான்காவது வாரத்தில் செய்யப்பட்ட ரயர். ஓடாமல் நின்றாலும் ரப்பருக்கு வயது போகும். இறுகும், பிடிப்பை இழக்கும். மழைநாளில், வளைவில், பூவின் ஆழம் மட்டும் காப்பாற்றாது. அந்த நான்கு இலக்கங்களைப் பார்த்தபோது எனக்கு எனது நான்கு வரிகள் நினைவுக்கு வந்தன.

செயினைப் பின் பற்சில்லின் கடைசி முனையில் பிடித்து இழுத்துப் பார்த்தோம். பல் தெரியுமளவுக்கு விலகி வந்தால் செயினும் பற்சில்லுகளும் ஒன்றாக மாற்றப்பட வேண்டும். இது பரவாயில்லை. எரிபொருள் தாங்கியின் மூடியைத் திறந்து துருவையும், எண்ணெய் பால்போல் வெளுத்திருக்கிறதா என்பதையும் பார்த்தோம். வெளுத்திருந்தால் எண்ணெயில் நீர் கலக்கிறது என்று பொருள். அதுவும் சரி.

இரண்டு மணித்தியாலங்கள் கழித்து எஞ்சினை இயக்கினோம். நீண்ட முனகலின் பின் பிடித்தது. சீழ்க்கை போன்ற ஒரு மெல்லிய ஓசை; இந்த மாதிரியில் வால்வுகளை இயக்குவது சங்கிலியல்ல, பற்சக்கரங்கள் என்பதால் அது இயல்பு, பயப்பட வேண்டாம் என்றார் பாஸ். நீலப் புகை வந்தால் எண்ணெய் எரிகிறது, சூடான பின்னும் வெண்புகை நிற்காவிட்டால் குளிரூட்டும் நீர் உள்ளே போகிறது, கரும்புகை என்றால் பெற்றோல் மிகை. இங்கே ஒன்றும் இல்லை. பற்றரியில் மல்டிமீற்றரை வைத்து எஞ்சின் வேகத்தைக் கூட்டினார். பதினான்கு வோல்ற் அளவில் நிற்க வேண்டியது பதினாறைத் தாண்டியது. சீராக்கி பழுது. அதை மாற்றலாம், பஞ்சிகாவத்தையில் தேடினால் கிடைக்கும். எஞ்சின் உண்மையில் நல்ல எஞ்சின். அதுதான் மருமகனின் மனத்தை மேலும் வருத்தியது.

கடைசியாகப் பத்திரங்களைக் கேட்டேன். எனது தொழில் அங்கேதான் தொடங்குகிறது. பதிவுச் சான்றிதழில் இருந்த பெயர் விற்பவருடையதன்று. பதிவுபெற்ற உரிமையாளர் கனடா போய்விட்டாராம். அவர் கையொப்பமிட்டுத் திகதியிடாமல் விட்ட மாற்றப் படிவம் இருக்கிறதாம். இதைத்தான் எங்கள் நாட்டில் 'ஓப்பன் பேப்பர்' என்கிறார்கள். மூன்று, நான்கு கைகள் மாறியும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் ஏட்டில் முதல் பெயரே நிற்கும்.

இதிலே எனக்குச் சொந்த அனுபவம் உண்டு. 2006இல் எனது பழைய வண்டியை ஒரு தரகரிடம் இப்படித்தான் விற்றேன். பணம் கைக்கு வந்தது, படிவத்தில் கையொப்பமிட்டேன், மறந்துவிட்டேன். சில மாதங்களின் பின் ஒரு நள்ளிரவில் பொலிஸார் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். பாதசாரி ஒருவரை மோதிவிட்டு வண்டியைத் தெருவில் போட்டுவிட்டு யாரோ ஓடியிருந்தார்கள். வண்டி எனது பெயரில். அவசரகாலச் சட்டம் நடைமுறையில் இருந்த காலம். தமிழ்ப் பெயரும், கைவிடப்பட்ட வாகனமும், பத்திரிகையாளன் என்ற அடையாளமும் ஒன்றுசேர்ந்தால் என்னவாகும் என்பதை அக்காலத்தில் கொழும்பில் வாழ்ந்தவர்கள் அறிவார்கள். மறுநாள் பிற்பகல்வரை ஒரு வாங்கில் இருந்தேன். என்னை மீட்டது எமது பத்திரிகையிலேயே நான் கொடுத்திருந்த இரண்டு வரிச் சிறு விளம்பரம். ஆசிரியர் பழைய பிரதியைத் தேடி எடுத்துவந்து, வண்டி விற்பனைக்கு விடப்பட்ட திகதியைக் காட்டினார். விற்றதற்கு என்னிடம் இருந்த ஒரே ஆதாரம் அதுதான்.

ஆகவே வாங்குபவர் பதிவுபெற்ற உரிமையாளரை நேரில் காண வேண்டும். சட்டகத்திலும் எஞ்சினிலும் பொறிக்கப்பட்ட இலக்கங்களைச் சான்றிதழுடன் ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிட வேண்டும். முழு உரிமையாளர் என்ற இடத்தில் குத்தகை நிறுவனம் ஏதும் இருக்கிறதா, வருமான அனுமதிப்பத்திரம் செல்லுபடியாகிறதா என்று பார்க்க வேண்டும். பணம் கொடுத்த கையோடு உரிமையை மாற்ற வேண்டும். விற்பவருக்கும் இது பொருந்தும். புலம்பெயரும் அவசரத்தில் வாகனத்தை ஓப்பன் பேப்பரில் விட்டுப் போன அன்பர்கள் இதை வாசித்தால், அந்த வண்டி இன்று யார் கையில் ஓடுகிறது என்று ஒருமுறை விசாரித்துப் பார்ப்பது நல்லது.

நாங்கள் வாங்காமல் திரும்பினோம். காரில் மருமகன் என்னுடன் பேசவில்லை. பாஸ் மட்டும், "எஞ்சின் நல்லது, எஞ்சின் நல்லது" என்று இரண்டு தடவை தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். தங்கையிடம் விடயத்தைச் சொன்னபோது, "அவன் உங்களோட கோவிச்சிருப்பான் அண்ணா" என்றாள். கோபித்திருக்கட்டும், இருக்கிறான் அல்லவா என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை.

கடந்த வாரம் அவனிடமிருந்து வட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. வேறொரு வண்டியின் ரயர். பக்கச் சுவரை அருகில் பிடித்து எடுத்திருந்தான். நான்கு இலக்கங்கள் தெளிவாகத் தெரிந்தன. கீழே ஒரு வரி எழுதியிருந்தான்: "மாமா, புக் அவற்றை சொந்தப் பேரில்தான். ஞாயிறு காலமை பாஸைக் கூட்டிக்கொண்டு வாறியளோ?"

வருகிறேன் என்று பதில் எழுதினேன். எஞ்சினைத் தொட வேண்டாம் என்று விற்பவரிடம் சொல்லி வைக்கும்படியும் எழுதினேன்.